வெளியூர் ரசிகன் மனு

அனுப்புநர்:
கிரிக்கெட் பார்க்கும் பொதுஜனம் ஒருவர்,
பெரியபாளையம், திருவள்ளூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம், மும்பை.

நகல்: தலைவர், சர்வதேச கிரிக்கெட் கவுன்சில், துபாய். (2024 டிசம்பரில் அந்த நாற்காலிக்குப் போகும்வரை மேற்படி செயலாளராக இருந்தவர் அவரே. ஆகையால் கோப்பை முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்காது.)

பொருள்: உலகக் கோப்பையை டி.வி.யில் பார்க்காமல் நேரில் வந்து பார்க்க ஆசைப்பட்ட குற்றத்துக்கு மன்னிப்பும், அடுத்த முறைக்குச் சில வசதிகளும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் அட்டவணை, நாள் 27.06.2023.
2. மேற்படி அட்டவணையின் திருத்தம், நாள் 09.08.2023.

ஐயா,

பெரியபாளையம் எங்கே இருக்கிறது என்று தங்கள் அலுவலகத்தில் யாரும் தேடிச் சிரமப்பட வேண்டாம். சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் செங்குன்றம் தாண்டி, ஜனப்பன்சத்திரம் கூட்டுரோட்டில் இடதுபக்கம் திரும்பினால் வந்துவிடும். ஆரணி ஆற்றங்கரையில் பவானி அம்மன் குடியிருக்கும் ஊர். பக்கத்தில் தேர்வாய்க்கண்டிகை சிப்காட், கொஞ்சம் தள்ளிக் கும்மிடிப்பூண்டி சிப்காட். கோயில் மணியும் கம்பெனிச் சங்கும் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

கூட்டம் நடத்தும் தங்களுக்குக் கூட்டம் பற்றிச் சொல்ல இவன் யார் என்று தோன்றலாம். ஆடி பிறந்தால் பதினான்கு வாரத்துக்கு எங்கள் ஊர் எங்களுடையதாக இருக்காது. சனிக்கிழமை ராத்திரியே வேனிலும் லாரியிலும் ஆட்டோவிலும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். கிடைத்த இடத்தில் படுப்பார்கள். விடிந்ததும் மொட்டை, வேப்பஞ்சேலை, பொங்கல். வருகிறவர்கள் எல்லாருமே வெளியூர். உள்ளூர்க்காரன் அன்றைக்கு டீ ஆற்றவும் வழி சொல்லவும் மட்டுமே. இந்தத் தகுதியில்தான் எழுதுகிறேன்.

முதலில் மன்னிப்பு. நேரில் வந்து பார்ப்பவனால் தங்களுக்கு எவ்வளவு தொல்லை என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. டி.வி.யில் பார்ப்பவனுக்குக் கழிப்பறை கட்ட வேண்டாம், போலீஸ் பந்தோபஸ்து வேண்டாம், குடிதண்ணீர் வேண்டாம். ஓவருக்கு ஓவர் விளம்பரத்தைச் சமர்த்தாகப் பார்த்துக்கொள்வான். நேரில் வந்தவனோ அந்த இடைவெளியில் விளம்பரம் பார்க்காமல் ஃபீல்டர்கள் இடம் மாறுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு வீணாகப் போகிறான். ஆனாலும் கேமரா சுழலும்போது பின்னால் சில தலைகள் தெரியத்தான் வேண்டும். 2023 அக்டோபர் 5 அன்று, 1,32,000 பேர் உட்காரும் அகமதாபாத் மைதானத்தில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் தொடக்க ஆட்டம் ஆட வந்தபோது நாற்காலிகள்தான் அதிகம் தெரிந்தன. நாற்காலி கைதட்டாது என்பதால்தான் எங்கள் அவசியம் எழுகிறது.

இனி அட்டவணை. 2015 உலகக் கோப்பைக்கு 2013 ஜூலையிலேயே அட்டவணை வந்துவிட்டது. 2019 கோப்பைக்கு 2018 ஏப்ரலில் வந்தது. 2023 கோப்பைக்கு அந்த ஆண்டு ஜூன் 27 அன்று, தொடங்க சரியாக நூறு நாள் இருக்கும்போது வந்தது. முந்தின நாள்தான் கோப்பையை ஒரு லட்சத்து இருபதாயிரம் அடி உயரத்துக்கு அனுப்பி, பூமியின் வளைவு பின்னால் தெரியப் படம் எடுத்தீர்கள். கோப்பை வானத்துக்குப் போன மறுநாளே, தரையில் இருப்பவன் எந்தத் தேதியில் லீவு போடுவது என்ற தகவலும் வந்து சேர்ந்ததே பெரிய காரியம்.

அந்தத் தகவலும் ஆறு வாரம்தான் தாங்கியது. அக்டோபர் 15 அன்று இந்தியா–பாகிஸ்தான் ஆட்டம் என்று அறிவித்த பிறகுதான், அன்றைக்கு நவராத்திரி தொடங்குகிறது என்ற செய்தி குஜராத்திலேயே தெரியவந்தது. நவம்பர் 12 அன்று கொல்கத்தாவில் காளி பூஜை என்பதும் அதே மாதிரிக் காலதாமதமாகக் கண்டுபிடிக்கப்பட்டது. ஆகஸ்ட் 9 அன்று மொத்தம் ஒன்பது ஆட்டங்களை மாற்றினீர்கள். ஐயா, பஞ்சாங்கம் ரகசிய ஆவணம் அல்ல. எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் வெற்றிலைக் கடையிலேயே தொங்கும். எந்தத் தேதியில் எந்த அம்மனுக்கு என்ன என்று எங்கள் ஊர்ப் பாட்டிகள் விரல் மடக்கிச் சொல்லிவிடுவார்கள். ஆடித் திருவிழாவை ஒளிபரப்பு வசதிக்காகப் புரட்டாசிக்குத் தள்ளிவைத்ததாக எங்கள் ஊர் வரலாற்றில் இல்லை.

அகமதாபாத்தில் கலசம் வைப்பதற்கும் கும்மிடிப்பூண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. இந்தியா–பாகிஸ்தான் ஆட்டம் 15இலிருந்து 14க்கு நகர்ந்ததும், 14ஆம் தேதி சனிக்கிழமை பகலில் சேப்பாக்கத்தில் நடக்க இருந்த நியூசிலாந்து–வங்கதேச ஆட்டம் 13ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்கு, பகலிரவு ஆட்டமாக, ஓரங்கட்டப்பட்டது. சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் ஒருவர் அதற்குப் போக நினைத்தார் என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமைப் பகல் ஆட்டம் என்றால் ஒரு நாள் லீவு. பொழுது சாய்கையில் வீடு. வெள்ளி இரவு என்றால் லீவை மாற்ற வேண்டும், பத்து மணிக்கு மேல் ஊர் திரும்ப வண்டி தேட வேண்டும், மறுநாள் காலை ஷிஃப்டுக்குத் தூக்கக் கலக்கத்தோடு போக வேண்டும். "ஏன்யா, 14ன்னுதானே எழுதிக் கொடுத்தே? இப்போ 13ங்கிற?" என்று சூப்பர்வைசர் கேட்டால், "அண்ணே, அகமதாபாத்ல கர்பா ஆடுறாங்களாம்" என்று பதில் சொல்ல வேண்டும். அதை நம்பும் சூப்பர்வைசர் இன்னும் பிறக்கவில்லை.

இது நாற்பத்துச் சொச்சம் கிலோமீட்டர் வருகிறவன் கதை. டாக்காவிலிருந்தும் ஆக்லாந்திலிருந்தும் வருகிறவன் விசா, விமானம், ஓட்டல் மூன்றையும் மாற்ற வேண்டும். அகமதாபாத்தில் ஓட்டல் வாடகை ஏறிய வேகத்தில், முழு உடல் பரிசோதனைக்குப் பதிவு செய்து மருத்துவமனையிலேயே ராத்திரி தங்கிவிடலாமா என்று ரசிகர்கள் விசாரிப்பதாக 2023 ஜூலையில் செய்தி வந்தது. எங்கள் பக்கம் நடைமுறை தலைகீழ்: சென்னைக்கும் வேலூருக்கும் வைத்தியத்துக்காகவே வங்கதேசத்தவர் நிறையப் பேர் வருகிறார்கள். வந்த இடத்தில் தங்கள் நாட்டு ஆட்டம் இருந்தால் டிக்கெட் தேடுவார்கள். ஆக, கிரிக்கெட்டுக்காக ஆஸ்பத்திரி போகிறவன், ஆஸ்பத்திரிக்கு வந்து கிரிக்கெட் பார்க்கிறவன் என்று ரசிகர்களை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். பாகிஸ்தான் ரசிகர் எந்த வகையிலும் சேரவில்லை. அவர் விசாவுக்குக் காத்திருந்த வகை.

அடுத்தது டிக்கெட். சென்னையில் இந்தியா ஆடும் ஆட்டத்துக்கு ஆகஸ்ட் 31 இரவு எட்டு மணிக்கு விற்பனை தொடங்கியது. நாடு முழுக்க ரசிகர்கள் செல்போன் திரையில் மணிக்கணக்கில் வரிசை நின்றார்கள். வரிசையில் நிற்பது எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் எங்கள் ஊர் வரிசையில் முன்னால் நிற்பவரின் முதுகு தெரியும், எவ்வளவு தூரம் பாக்கி என்று தெரியும், பக்கத்து வீட்டு அக்காவோடு பேசிக்கொண்டே நகரலாம். தங்கள் வரிசையில் மொத்தம் எத்தனை இருக்கை விற்பனைக்கு வருகிறது என்பதுகூடத் தெரியாது. முன்னாள் பந்துவீச்சாளர் வெங்கடேஷ் பிரசாத்தே வெளிப்படையாக இருங்கள் என்று கேட்டுப் பார்த்தார். டிக்கெட் தீர்ந்தது என்று ஊரே நம்பிய பிறகு, செப்டம்பரில் இன்னும் நான்கு லட்சம் டிக்கெட் விற்பனைக்கு வருகிறது என்று அறிவித்தீர்கள். நான்கு லட்சம் டிக்கெட் அதுவரை எந்த பீரோவில், எந்தத் துணிக்கு அடியில் இருந்தது என்று கேட்க எங்களுக்குத் தகுதியில்லை.

நியாயமாகச் சொன்னால் எங்கள் கோயில்களிலும் சிறப்பு தரிசனச் சீட்டு உண்டு, வி.ஐ.பி. வந்தால் வரிசை நிற்கும். அதை மறைக்கவில்லை. ஆனால் சிறப்பு வரிசைக்கு இவ்வளவு ரூபாய் என்று பலகை எழுதி வைத்திருப்பார்கள். எத்தனை இருக்கை சங்கங்களுக்கு, எத்தனை விளம்பரதாரருக்கு, மிச்சம் எத்தனை ஜனத்துக்கு என்று தாங்களும் ஒரு பலகை எழுதலாம். சேப்பாக்கத்தின் சுவர் நீளமானது, இடம் போதும்.

அந்தச் சமயத்தில்தான் அமிதாப் பச்சனுக்கும் சச்சினுக்கும் நம்ம சூப்பர் ஸ்டாருக்கும் தங்க டிக்கெட் கொடுத்தீர்கள். ரஜினிக்குக் கொடுத்ததில் எங்களுக்கு வருத்தமில்லை. வருத்தப்பட்டதாக வெளியே சொன்னால் நாங்கள் ஊரில் இருக்க முடியாது. எங்கள் சந்தேகம் வேறு. டிக்கெட் வாங்க ஆளில்லாத நாற்காலியும் இருந்தது, டிக்கெட் கிடைக்காத ஆளும் இருந்தான், டிக்கெட் வாங்கவே அவசியமில்லாத மூன்று பேருக்குத் தங்கத்தில் போனது. இதைக் கணக்குப் பிள்ளைகள் யாராவது விளக்கினால் தன்யனாவேன்.

எங்களுக்குக் கிடைத்தது தாள். இந்த உலகக் கோப்பைக்கு மின்னணு டிக்கெட் முடியாது, ஏழெட்டு மையங்களில் தாள் டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளலாம் என்று 2023 ஜூலையில் அறிவிப்பு வந்தது. பூ விற்கும் அம்மாவே பலகையில் கியூஆர் ஒட்டி வைத்திருக்கும் நாட்டில், டிஜிட்டல் இந்தியா தலைப்பில் மாநாடுகள் நடக்கும் நாட்டில், ஆட்டம் பார்க்க ஒரு பயணம், தாள் வாங்க ஒரு பயணம். உள்ளூர்க்காரனுக்கு இது ஒரு மாலை நடை. வெளியூர்க்காரனுக்கு இன்னொரு நாள் கூலி.

வாசலில் பறிமுதல் பட்டியல் தனி. பை கூடாது, பாட்டில் கூடாது, பவர் பேங்க் கூடாது. பாதுகாப்புக்காக என்றால் ஒப்புக்கொள்கிறோம். எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் அடுப்பு, விறகு, பானை, அரிசி, கோழி, சில சமயம் ஓர் ஆட்டையும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள் என்பதைத் தகவலுக்காக மட்டும் தெரிவிக்கிறேன். ஆட்டைப் பார்த்துக்கொள்ளவும் எங்களிடம் இடம் உண்டு. தாங்கள் பையைப் பார்த்துக்கொள்ள ஒரு அறை ஒதுக்கினால் போதும். மைதானங்களில் குடிதண்ணீர் இலவசம் என்று அறிவித்ததை இங்கே மனமாரப் பாராட்டுகிறேன். தண்ணீர்ப் பந்தல் வைப்பது புண்ணியம். 48 ஆட்டம் கொண்ட திருவிழாவில் அந்த ஒரு புண்ணியமாவது கணக்கில் ஏறியது.

பிறகு, ஊர் திரும்புவது. கும்மிடிப்பூண்டி மார்க்கத்திலிருந்து ரயிலில் வந்து கடற்கரையில் பறக்கும் ரயில் மாறிச் சேப்பாக்கத்திலேயே இறங்குவது எங்கள் பக்கத்து வழக்கம். 2023 ஆகஸ்ட் 27 முதல் கடற்கரை–சிந்தாதிரிப்பேட்டை இடையே நான்காவது பாதைப் பணிக்காக அது நின்றுபோயிருந்தது. அந்தப் பழி தங்கள்மேல் இல்லை, ரயில்வேக்குத் தண்டவாளம் போடும் உரிமை உண்டு. ஆனால் ஆட்டம் பத்து மணிக்கு மேல் முடியும் என்பது தெரியும், வருகிறவன் எல்லாரும் திருவல்லிக்கேணியில் குடியிருக்கவில்லை என்பதும் தெரியும். அக்டோபர் 27 அன்று அதே மைதானத்தில் பாகிஸ்தானைத் தென்னாப்பிரிக்கா ஒரே விக்கெட்டில் வென்றது. கடைசி பஸ்ஸை நினைப்பவனால் கடைசி விக்கெட்டைப் பார்க்க முடியாது, ஐயா. எங்கள் ஆடி ஞாயிறுகளுக்குச் சிறப்புப் பேருந்து விடுகிறார்கள். ஜனப்பன்சத்திரம் ரோட்டில் அந்தப் பேருந்தும் நெரிசலில் நிற்கும் என்பது எங்கள் பக்கத்துக் குறை. ஆனால் நிற்பதற்கு ஒரு பேருந்து இருக்கிறது.

இதற்கெல்லாம் தங்கள் பதில் எனக்குத் தெரியும்: 2023 உலகக் கோப்பையை 12,50,307 பேர் நேரில் பார்த்தார்கள், ஐ.சி.சி. போட்டிகளிலேயே சாதனை. உண்மைதான். அத்தனை பேரும் தங்கள் ஏற்பாட்டையும் மீறி வந்தவர்கள் என்ற கோணத்தில் அந்த எண்ணை இன்னொரு முறை படித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதற்குச் சேப்பாக்கமே சாட்சி. 1987 உலகக் கோப்பையில் இந்தியா ஆஸ்திரேலியாவிடம் ஒரே ரன்னில் தோற்றதைப் பார்த்தவர்கள். 1999 ஜனவரியில் பன்னிரண்டு ரன்னில் வென்ற பாகிஸ்தான் அணிக்கு எழுந்து நின்று கைதட்டியவர்கள். 2023 அக்டோபர் 23 அன்று ஆப்கானிஸ்தான் முதன்முறையாக ஒருநாள் ஆட்டத்தில் பாகிஸ்தானை வென்று மைதானத்தைச் சுற்றி வந்தபோது, சொந்த ஊர் அணி வென்ற மாதிரிக் குரல் கொடுத்தவர்கள். இந்த ஓசையை ஒளிபரப்பு உரிமையில் சேர்த்துத்தான் விற்கிறீர்கள். ஓசை எழுப்புகிறவனுக்கு மட்டும் அதில் பங்கு இல்லை. அவன் டிக்கெட் வாங்கி வந்து தங்கள் சரக்கைத் தயாரித்துக் கொடுத்துவிட்டுப் போகிறான்.

ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கனிவுடன் பரிசீலிக்க வேண்டுகிறேன்:

1. அட்டவணையை ஓர் ஆண்டு முன்னதாக வெளியிடுதல். வெளியிடும் முன் பஞ்சாங்கம் பார்த்தல்.

2. தேதி மாற்றினால் டிக்கெட் பணத்தோடு, பயணச் செலவிலும் ஒரு பங்கைத் திருப்பித் தருதல்.

3. ஒவ்வொரு மைதானத்திலும் பொது விற்பனைக்கு வரும் இருக்கைகள் எத்தனை என்பதை விற்பனைக்கு முன்பே அறிவித்தல்.

4. ஆட்ட டிக்கெட்டையே பயணச் சீட்டாக ஆக்குதல். சென்னை ஐ.பி.எல். ஆட்டங்களுக்கு மெட்ரோவிலும் மாநகரப் பேருந்திலும் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். உலகக் கோப்பைக்கு அதை மாதவரம், செங்குன்றம் தாண்டியும் நீட்டித்து, ஆட்டம் முடிந்த பிறகு புறப்படும் பேருந்தாகவும் ஆக்க வேண்டும்.

5. தங்கள் கூட்டங்களில் டிக்கெட் வாங்கி ஆட்டம் பார்த்த ஒருவரையாவது உட்கார வைத்தல். பேட்டா வேண்டாம், பேருந்துக் கட்டணம் போதும்.

அவசரமில்லை என்று கோப்பை மூடிவிட வேண்டாம். 2029இல் சாம்பியன்ஸ் டிராபி, 2031இல் வங்கதேசத்தோடு சேர்ந்து மறுபடி உலகக் கோப்பை. தங்கள் துறை இல்லை என்றாலும் 2030 காமன்வெல்த் விளையாட்டும் அகமதாபாத்துக்கே வருகிறது, 2036 ஒலிம்பிக்குக்கும் நாடு விருப்பக் கடிதம் கொடுத்திருக்கிறது. ஒலிம்பிக்குக்கு வருகிறவன் நூறு நாள் அவகாசத்தில் வரமாட்டான். மைதானம் கட்டத் தங்களிடம் பணம் இருக்கிறது, வானத்துக்குக் கோப்பை அனுப்ப ஆள் இருக்கிறது. வருகிறவனை விருந்தாளியாக நினைக்கிற பழக்கம் ஒன்றுதான் பாக்கி. அது டெண்டரில் கிடைக்காது. ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கள் நிர்வாகக் குழுவை எங்கள் ஊருக்கு அனுப்பினால் இலவசமாகப் பயிற்சி தரப்படும். தங்க இடம் திண்ணையில், சாப்பாடு பொங்கல். வரிசை பொது வரிசை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வெளியூர் ரசிகன்,
பெரியபாளையம்.

பி.கு.: பதிலைத் தாளாக அனுப்பி, நேரில் வந்து பெற்றுக்கொள்ளச் சொல்ல வேண்டாம். எனக்கு லீவு தீர்ந்துவிட்டது.