வால்வு மாற்றும் அன்பர்

வால்வு மாற்றும் அன்பரின் வீட்டில் எந்தப் பாட்டும் நாற்பது விநாடிக்கு மேல் ஓடியதற்குச் சான்று இல்லை. அமெரிக்கப் புறநகர் வீடுகளின் நிலவறைகளில் மிகுதியாகக் காணப்படும் இவர், ஓய்வு பெற்ற பொறியாளராகவோ பல் மருத்துவராகவோ வருமான வரிக் கணக்கராகவோ இருப்பார்; சுவர் முழுக்க இசைத்தட்டுகளை அடுக்கி வைத்திருப்பார்; எனினும், டேவ் புரூபெக் குழுவினரின் 1959ஆம் ஆண்டுப் பதிவான ‘டேக் ஃபைவ்’ நடுவே வரும் டிரம்ஸ் தனியாவர்த்தனம் எப்படி முடிகிறது என்று கேட்டால், ஊசி இன்னும் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை என்பதே அவர் தரக்கூடிய நேர்மையான விடையாக இருக்கும்.

அவரது அன்புக்கும் கவலைக்கும் ஒருங்கே இலக்கானது முன்பெருக்கி. இசைத்தட்டின் வரிப்பள்ளத்தில் ஓடும் ஊசியிலிருந்து வரும் மின்குறி சில மில்லிவோல்ட் அளவே இருக்கும் என்பதால், அதைத் திறன்பெருக்கிக்குக் கொடுக்கத் தக்க அளவுக்கு உயர்த்துவதும், தட்டில் வெட்டும்போது வேண்டுமென்றே குறைக்கப்பட்ட தாழ்ந்த ஒலிகளையும் கூட்டப்பட்ட உயர்ந்த ஒலிகளையும் பழைய அளவுக்கு மீட்பதும் இக்கருவியின் வேலை. டிரான்சிஸ்டர் வருமுன் அந்த வேலையைச் செய்தது வால்வு. காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழுக்குள் சூடேறிய எதிர்முனை எலக்ட்ரான்களை உமிழ, இடையிலுள்ள கம்பிவலை அந்த ஓட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் விட, வெளிப்புறத் தகடு அதை வாங்கிக்கொள்ளும். நம் வீடுகளில் இருந்த வால்வு ரேடியோ, திருகியவுடன் பேசாமல் சற்றுக் காக்க வைத்ததற்கும் இந்தச் சூடேற்றமே காரணம். முன்பெருக்கிகளில் பெரிதும் இடம்பெறுவது, அமெரிக்கர் 12ஏஎக்ஸ்7 என்றும் ஐரோப்பியர் இசிசி83 என்றும் குறிக்கும், ஒன்பது கால்கள் கொண்ட சிறு வால்வு. அதைப் பிடுங்கி வேறொன்றைச் செருகத் திருப்புளிகூட வேண்டியதில்லை. அன்பரின் வாழ்க்கை கெட்டது இந்த வசதியால்தான்.

பிடுங்கிச் செருகுவதோடு அவர் நின்றுவிட்டால் அது அவரது சொந்த விஷயம். ஆனால் மாற்றத்தை உறுதிப்படுத்த இன்னொருவரின் காது தேவைப்படுகிறது. ஆகவே மனைவியும் பிள்ளைகளும் மறுத்துவிட்ட நிலையில், இரவுச் சாப்பாட்டுக்கு என்று அழைக்கப்பட்டவர் நிலவறையின் நடு நாற்காலியில், இரண்டு ஒலிபெருக்கிகளுக்கும் சம தூரத்தில், தலையை அசைக்கக் கூடாது என்ற வேண்டுகோளுடன் அமர்த்தப்படுகிறார். முதலில் நாற்பது விநாடி பாட்டு ஓடும். பிறகு ஊசி தூக்கப்படும், மின்சாரம் நிறுத்தப்படும், வால்வு கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறும்வரை அன்பர் அதன் பிறப்பு வரலாற்றைச் சொல்வார். ஆறியதும் கைக்குட்டையால் பிடித்து மெல்ல அசைத்து அதைக் கழற்றி, பஞ்சு வைத்த அட்டைப் பெட்டியில் கிடத்தி, இன்னொன்றை எடுத்துச் செருகி, மீண்டும் மின்சாரம் கொடுப்பார். இழை சிவந்ததும், சந்தையில் தேங்காய் வாங்குவோரின் முகபாவத்துடன் பென்சிலால் கண்ணாடியைத் தட்டிப் பார்ப்பார். உள்ளுறுப்புகள் தளர்ந்த வால்வானால் அந்தத் தட்டல் ஒலிபெருக்கியில் டங்கென்று கேட்கும். அதிலும் தேறியபின், வால்வு ‘நிலைக்கு வர’ மேலும் சில நிமிடம் வேண்டும் என்பார். இத்தனையும் முடிந்து அதே பாட்டின் அதே இடத்தில் ஊசி இறங்கும்போது பத்து நிமிடம் கழிந்திருக்கும். முதலில் கேட்ட ஒலி எப்படி இருந்தது என்பது விருந்தினருக்கு அடியோடு மறந்திருக்கும். அன்பரோ பாட்டைக் கேட்கவே மாட்டார். பக்கவாட்டில் நின்று விருந்தினரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நாற்பதாவது விநாடியில், “இப்போது?” என்பார்.

இக்கேள்விக்கு விருந்தினரை விடுவிக்கும் விடை இதுவரை கண்டறியப்படவில்லை. வேறுபாடு தெரியவில்லை என்றால், காதைப் பழக்க வேண்டும் என்று பரிவோடு சொல்லி முதல் வால்வு திரும்பச் செருகப்படும். புதியது நன்றாக இருக்கிறது என்றால், இதுவே இப்படி என்றால் அடுத்ததைக் கேட்க வேண்டாமா என்று இரண்டாம் பெட்டி திறக்கப்படும். முன்னதே பிடித்திருந்தது என்று துணிந்து சொல்வோரும் உண்டு. அவர்கள் சொல்வது சரிதானா என்று பார்க்க மூன்று சுற்றுகள் ஆகும். பொதுவாக நன்றாக இருக்கிறது என்று மழுப்பினாலும் அன்பர் விடுவதில்லை. தாழ்ந்த சுரங்களில் இறுக்கம் கூடியதா, நடுச் சுரங்களில் வெதுவெதுப்பு வந்ததா, கருவிகளுக்கு நடுவே காற்றோட்டம் உண்டா என்று தனித்தனியாக விசாரிப்பார். மேல்மாடியில் சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கும்.

இந்த விசாரணை ஏன் முடிவதில்லை என்பதைக் கணக்காலும் காட்டலாம். அன்பர்கள் போற்றும், 1958இல் வந்த மாரான்ட்ஸ் 7 என்னும் முன்பெருக்கியில் இவ்வகை வால்வுகள் ஆறு உள்ளன. வெவ்வேறு ஆலைகளின் வால்வுகள் ஆறே ஆறு கையில் இருந்தால்கூட அவற்றை ஆறு இடங்களில் 720 வகையாக அமைக்கலாம்; சுற்றுக்குப் பத்து நிமிடம் என்றால் 120 மணி நேரம், அதாவது இரவும் பகலும் உறங்காமல் ஐந்து நாள். அன்பரிடம் உள்ளவை ஆறு அல்ல. மேலும், புது வால்வு நூறு மணி நேரமாவது எரிந்தால்தான் அதன் குணம் தெரியும் என்பது அவரது சித்தாந்தம்.

அன்பர் கேட்பது முழுவதும் கற்பனை என்று சொல்வது நியாயமாகாது. தேய்ந்துபோய் இரையும் வால்வை எடுத்துவிட்டு நல்லதை வைத்தால் எவர் காதுக்கும் தெரியும். புதியது ஒலியைச் சற்றே கூடுதலாகப் பெருக்கினாலும், அந்தச் சிறு கூடுதலைக் காது தரம் என்றே எடுத்துக்கொள்ளும். பிடுங்கிச் செருகும்போது ஊசிக்கால்களில் படிந்த களிம்பு உரசிப் போய் இணைப்புச் சுத்தமாவதும் உண்டு. அப்படிக் கிடைத்த தெளிவுக்கான புகழைப் புது வால்வு வாங்கிக்கொள்ளும். இவற்றைப் பிரித்தறிய வழி எளிது: ஒலி அளவைச் சமமாக்கி, எந்த வால்வு ஓடுகிறது என்பதை மறைத்துவிட்டுக் கேட்க வேண்டும். இதை முன்மொழிந்தால் அன்பரின் முகம் வாடிவிடும். சோதனை என்று வந்தாலே மனம் இறுகிக் காது மந்தமாகிவிடும் என்பார். அவரைவிடப் பரிதாபத்துக்கு உரியவர்கள் முன்பெருக்கியை வடிவமைத்த பொறியாளர்கள். வெளிவரும் ஒலியில் ஒரு பங்கைத் தலைகீழாக்கி உள்ளே திருப்பிவிடும் எதிர்ப்பின்னூட்டம் என்னும் முறையை அவர்கள் கையாண்டதன் பயன்களில் ஒன்று, வால்வுக்கு வால்வு உள்ள வேறுபாடு வெளியே தெரியாமல் மட்டுப்படுவது; அவர்கள் மட்டுப்படுத்தியதைத் தேடிக் கண்டுபிடிக்கவே அன்பர் ஓய்வூதியத்தைச் செலவிடுகிறார்.

எனினும் பெட்டியிலிருந்து ஒரு வால்வை எடுத்து, அதன் அடியில் பொறித்த மங்கலான குறியீட்டைப் பூதக்கண்ணாடி வழியே அவர் படிக்கும் வேளையில் அவர்மேல் கோபம் நிற்பதில்லை. முல்லார்டு நிறுவன வால்வில் முதலெழுத்து பி என்றால் இங்கிலாந்தின் லங்காஷயரிலுள்ள பிளாக்பர்ன் ஆலை. அடுத்த இலக்கம் ஆண்டு, அதையடுத்த எழுத்து மாதம், கடைசி இலக்கம் வாரம். ஆண்டுக்கு ஒற்றை இலக்கமே உண்டென்பதால் 6 என்பது 1956ஆ 1966ஆ என்ற ஐயம் எழும். உள்ளிருக்கும் தகட்டின் நீளத்தையும் அதன் மேற்பரப்பையும் பார்த்து அவர் தீர்ப்புச் சொல்வார். ஆலைகள் ஒன்றிடம் ஒன்று வாங்கித் தம் பெயரை அச்சிட்டு விற்றதுண்டு என்பதால் மேலே உள்ள பெயரை அவர் நம்புவதில்லை. டெலிஃபங்கன் நிறுவனத்தது என்றால் கால்களுக்கு நடுவே கண்ணாடியில் வார்க்கப்பட்ட சிறு வைர வடிவம் இருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பார். நெதர்லாந்தின் ஹேர்லன், ஜெர்மனியின் உல்ம் என்று ஆலைகள் இருந்த ஊர்களை அவர் சொல்லிக்கொண்டு போகையில், பெங்களூருவின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஆலை வால்வு ஒன்றும் பெட்டியின் மூலையில் தட்டுப்படும். அந்த ஆலைகளில் நுண்கம்பி சுற்றிய கைகளைப் பற்றி இன்று பேசுபவர் இவரைத் தவிர அதிகம் பேர் இல்லை. ஸ்லோவாக்கியாவின் சாட்சாவிலும் ரஷ்யாவின் சரத்தோவிலும் வால்வுகள் இன்னும் செய்யப்படுகின்றன. அவற்றை அன்பர் மதிப்பதில்லை, அவ்வளவே.

ஆனால் பரிவுக்கும் ஓர் எல்லை உண்டு. இனி எந்த ஆலையும் செய்யப்போகாத பழைய வால்வுகளை, தன் ஆயுளில் எரித்துத் தீர்க்க முடியாத எண்ணிக்கையில் வாங்கிப் பூட்டி வைத்துவிட்டு, கிடைப்பதே அரிதாகிவிட்டது, விலை ஏறிவிட்டது என்று அவரே புலம்புவதை எத்தனை முறை கேட்பது? இருநூறு, இருநூற்றைம்பது வோல்ட் உள்ள பெட்டியின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, குழந்தைகள் நடமாடும் அறையில், அதை மூடவே மறப்பதில் என்ன ரசனை இருக்கிறது? அடிக்கடி பிடுங்கிச் செருகுவதால் செருகுகுழிகளின் பிடி தளர்ந்து ஒலி கரகரக்க, அந்தக் கரகரப்புக்கு ஒரு பாவமும் அறியாத வால்வைக் குற்றம் சாட்டி அடுத்ததைத் தேடுவதும் இவர்தாம்.

இத்தகைய அன்பர்கள் அனைவருக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு: எத்தனை வால்வை வேண்டுமானாலும் மாற்றுங்கள், விருந்தினரையும் தாராளமாக உட்கார வையுங்கள், முதலில் சோற்றைப் போட்டுவிடுங்கள்.