பேஸ்காரப் பேரனுக்கு நாலு நல்ல வார்த்தை

உக்காருடா பேராண்டி. அந்த நீட்டுப் பொட்டியத் திண்ணையில சாத்தாத, உள்ள கொண்டுபோய் வை. பெங்களூர்லேர்ந்து ராத்திரி பஸ்ஸுல அத மடியில வச்சுக்கிட்டே வந்தியாமே, உங்க அம்மா சொன்னா. நல்ல பழக்கம். நாளைக்குப் பொண்டாட்டி வந்தப்புறமும் இப்படியே பொட்டிய மடியில வச்சுக்கிட்டு உக்காந்தா, அவ சீக்கிரமே அவங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவா. உனக்கும் சாதகம் பண்ண நேரம் கெடைக்கும்.

நீ பப்புல வாசிக்கிறத உங்க அப்பன் ஊருக்குள்ள மறைக்கிறான். கம்பெனியில சவுண்டு செக்‌ஷன்னு சொல்லி வச்சிருக்கான். நான் எதுக்கு மறைக்கணும்? தாராசுரம் மார்க்கெட்டுல நின்னு சத்தமாவே சொன்னேன், எம் பேரன் குடிக்கிற எடத்துல கிடார் வாசிக்கிறான்னு. கத்திரிக்கா மூட்டை எறக்கிக்கிட்டிருந்தவன் கேட்டான், "அப்ப தம்பிக்கு சரக்கு சும்மாவா?" பாத்தியா, ஒரு நிமிசத்துல உன் தொழிலுக்கு எவ்வளவு மதிப்பு வந்துடுச்சுன்னு.

அடுத்தவன் கேட்டான், "லீடு கிடாரா?" இல்லப்பா, பேஸுன்னேன். "அப்படின்னா?" கிடார் மாதிரியே இருக்கும், ஆனா கேக்காதுன்னேன். கரெக்டுதானே? மொறைக்காதடா.

உனக்குப் புத்தி சொல்ல இந்தத் தெருவுலயே எனக்குத்தான் யோக்கியதை. நான் ஒத்து ஊதினவன். நாயனக்காரர் தோடியத் தூக்கிக்கிட்டு கோபுரத்துக்கு மேல போயிட்டு, சாவகாசமா எறங்கி வருவாரு. நான் கீழ நின்னு ஒரே ஸ்வரத்த ராத்திரி பூரா பிடிச்சுக்கிட்டிருப்பேன். பாக்க நாயனம் மாதிரியேதான் இருக்கும் ஒத்து. விரல் விளையாட ஓட்டைதான் கெடையாது. அடியில இருக்குற தொளையில மெழுக அப்பி சுருதி சேத்துக்கணும். அப்புறம் கன்னத்துல காத்தத் தேக்கி, அது வெளிய போறப்பவே மூக்கால உள்ள இழுத்து, மூச்சு அறாம ஊதணும். சாமி பொறப்பாடு கெளம்பினா நாலு வீதியும் சுத்தி நெலைக்கு வர்ற வரைக்கும் விட முடியாது. கொசு கடிச்சாலும் சுருதியோடதான் சொறியணும். நாயனக்காரருக்கு சோடா வரும், தவில்காரருக்கு சால்வை வரும். எனக்கு, "அந்தப் பெட்ரோமாக்ஸ் லைட்டுக்குக் கொஞ்சம் வழி விடுப்பா."

ராஜரத்தினம் பிள்ளைய எல்லாருக்கும் தெரியும். செத்தது 1956ல, இன்னைக்கும் தோடின்னா அவரு பேருதான். நம்ம பக்கத்து திருவாவடுதுறை. அவருக்குச் சுருதி பிடிச்ச ஆளு பேரச் சொல்லு பாப்போம். கைபேசியில தேடு, நான் வெத்தலை மடிச்சுக்கிட்டிருக்கேன்.

கெடைக்கலையா? அந்த வரிசையிலதாண்டா நீயும் போய் நிக்கிற.

அந்த வரிசையும் இப்ப இல்ல. மொதல்ல துருத்தி வச்ச சுருதிப்பெட்டி வந்துச்சு. அதை அமுக்க ஒரு சின்னப் பையன் போதும்னாங்க. எழுபதுகள் முடியிறப்ப மின்சாரத்துல வந்துச்சு. அதுக்குப் பையனும் வேண்டாம், ஒரு பிளக்கு போதும். மூச்சு வாங்காது, பேட்டா கேக்காது, ரெண்டாவது பந்தியில பாயசம் தீந்து போச்சுன்னு மூஞ்சியத் தூக்காது. அது எங்கேர்ந்து வந்துச்சுங்கிற? உன் பெங்களூர்லேர்ந்துதான். ஒரே ஊரு தாத்தன் சோத்துல மண்ணப் போட்டு, பேரனுக்கு சோறு போடுது. கணக்கு சரியாப் போச்சு, விடு.

ஆனா உனக்கும் பொட்டி வந்துடுச்சேடா? கோயில் திருவிழா ஆர்கெஸ்ட்ராவுல இப்ப பேஸ்காரன எவன் கூப்புடுறான்? கீபோர்டுக்காரன் எடது கையாலயே உன் வேலையப் பாத்துடுறான். அவன் எடது கையும் வலிக்குதுன்னா டிராக்கு இருக்கு. பாட்டுக்காரி ஒருத்தி, பென் டிரைவு ஒண்ணு, கலர் லைட்டு நாலு. முடிஞ்சுது இன்னிசை இரவு. அன்னக்கிளி வந்த 1976க்கு அப்புறம் இளையராஜா பாட்டுக்குக் கீழ பேஸ் ஓட ஓட, பேஸ் இல்லாத செட்ட ஜனங்க செட்டாவே மதிக்கல. 'பனிவிழும் மலர்வனம்' பாட்டுல அந்தக் கீழ்க்கம்பி ஓட்டத்த எடுத்துட்டுப் பாடச் சொல்லு, பாட்டு வேட்டி அவுந்த மாதிரி நிக்கும். அது உனக்கும் எனக்கும் தெரியும். நாட்டாமைக்குத் தெரியாது. அவரு மேடையில எத்தனை தலைன்னு எண்ணி, அதுல ரெண்டக் கொறைக்கச் சொல்லுவாரு. மொத வெட்டு பேஸு.

அப்ப என்ன பண்ணலாம்? இதுக்குத்தானே என்னத் தேடி வந்த? சொல்றேன், கேளு. பொட்டி என்னத்தப் பண்ணாதோ அதைக் கத்துக்க.

பாடுறவன் சரணத்த மறந்துட்டு நேரா பல்லவிக்குக் குதிச்சான்னா டிராக்கு அதும்பாட்டுக்கு சரணத்துலயே போய்க்கிட்டிருக்கும். நீ மட்டுந்தான் கூடவே குதிக்க முடியும். சும்மா குதிச்சாப் பத்தாது, இதுதான் ஏற்பாடுங்கிற மாதிரி மூஞ்சிய வச்சுக்கணும். டிரம்ஸ்காரன் காதலி போன் பண்ணிட்டாள்னு அவன் காலம் ஓடும். நீ கயிறு பிடிச்சு நிறுத்தணும். பாடுறவனுக்கு உள்ள போனது ஏறி சுருதி எறங்கிடுச்சுன்னா, நீயும் கூடவே வெரல வழுக்கவிட்டு எறங்கி அவன் எறங்கலேன்னு ஊர நம்ப வைக்கணும். இதெல்லாம் பண்ணிட்டு, எறங்கி வந்து, "அண்ணே இன்னைக்கு என்னா பிடிப்புண்ணே!"ன்னு அவனையே பாராட்டணும். அடுத்த கச்சேரிக்கு எவன் பேரச் சொல்லுவான் தெரியுமா அவன்? பிரமாதமா வாசிக்கிறவன் பேர இல்ல. தன்னப் பிரமாதமாக் காட்டுறவன் பேர.

நம்ம ஐராவதேஸ்வரர் கோயில்ல ரிஷபகுஞ்சரம் பாத்திருக்கியே? ஒத்தத் தலை, ஒரு பக்கம் மூடினா யானை, மறுபக்கம் மூடினா காளை. உன் வாத்தியமும் அதாண்டா. தாளக்காரன் பக்கத்துலேர்ந்து பாத்தா நீ அடி, பாட்டுக்காரன் பக்கத்துலேர்ந்து பாத்தா நீ ஸ்வரம். ரெண்டு பேருக்கும் நீ அவங்க ஆளு. சண்டை வர்றப்போ ரெண்டு பேரும் உன்னையே அடிப்பாங்க, அது வேற.

அதே கோயில்ல பலிபீடத்துக்கிட்ட இருக்குற கல்லுப் படியையும் நெனச்சுக்க. இரண்டாம் ராஜராஜன் காலத்து வேலை. தட்டினா ஸ்வரம் சொல்லும். சொல்லிச்சா, வந்தவன் போனவன் எல்லாம் சில்லறைக் காச எடுத்துத் தட்டி, படி தேஞ்சு, இப்ப கம்பி போட்டு அடைச்சு வச்சிருக்காங்க. சுத்தியிருக்குற ஊமைப் படியெல்லாம் வெளிய சொகமாக் கெடக்கு. உனக்கு அந்தக் கட்டை வெரலால படபடன்னு அறையிற வித்தை தெரியும்னு எனக்குத் தெரியும். ராத்திரிக்கு ஒரே ஒரு தடவை காட்டு. அதுவும் பாட்டுக்காரன் தண்ணி குடிக்கப் போனப்புறம்.

கேக்காதுன்னு சொன்னதுக்குக் கோவிச்சுக்கிட்டியே, காரணத்த நீதானடா போன தடவ சொன்ன. உன் அடிக்கம்பி வினாடிக்கு 41 தடவதான் ஆடுது. நம்ம ஊரு கூம்புக் கொழாய்க்கு அவ்வளவு கீழ காதே கெடையாது. வேப்பமரத்துல அதக் கட்டி வச்சிருந்த காலத்துல பேஸ்காரன் மேடையில கொடுக்குற அபிநயத்துக்குத்தான் சம்பளம். இப்ப பொட்டி பொட்டியா அடுக்குறாங்க, நீ ஒரு கம்பியத் தொட்டா மொத வரிசைக் கெழவிக்கு அடிவயிறு கலங்குது. கேக்க ஆரம்பிச்சதும் வேற வினை. ராத்திரி பத்துலேர்ந்து காலைல ஆறு வரைக்கும் ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000ல சட்டம் வந்துடுச்சு. போலீஸ்காரர் வந்தா பாட்டுச் சத்தத்தக் கொறைக்கச் சொல்ல மாட்டாரு, "அந்தக் குமுகுமுன்னு வருதே, அதை நிறுத்து"ம்பாரு. ஏன்னா பக்கத்து ஊருக்குப் போறது அது மட்டுந்தான். அப்பாவது உன்னத் தனியா ஒருத்தர் கவனிச்சாருன்னு சந்தோசப்பட்டுக்க.

பெங்களூர் உனக்கு சனி ஞாயிறுதான் சோறு போடும். மத்த நாளுக்கு நம்ம பஞ்சாங்கத்தப் பாரு. ஆடி வந்தா எங்க மேளத்துக்குப் பட்டினி, கல்யாணம் கெடையாது. ஆனா அம்மன் கோயிலுக்கெல்லாம் அப்பத்தான் கூழு, காப்பு, கச்சேரி. உனக்கு ஆடி விருந்து. மார்கழி ரெண்டு பேருக்கும் காப்பிதான். தையில சம்பா அறுத்து, நெல்லு கொள்முதல் நெலையத்துக்குப் போயி, பணம் கணக்குல ஏறினப்புறம் மாசி, பங்குனி, சித்திரைன்னு ஊரு கையில காசு புரளும். தலைக்கட்டு வரி வசூல் சுளுவா ஆகும், ஆர்கெஸ்ட்ரா வைப்பாங்க. ஜூன் 12ல மேட்டூர் தொறக்குதான்னு வெவசாயி மட்டும் பாத்தாப் போதும்னு நெனைக்காத. கடைமடைக்குத் தண்ணி வரலேன்னா நாட்டாமை மொதல்ல வாண வேடிக்கைய வெட்டுவாரு, அடுத்தது உன்ன. மழை கொட்டி நெல்லு ஈரப்பதம் ஏறி மூட்டை களத்துலயே கெடந்தாலும் அதே கதிதான். அதனால ஆத்துல தண்ணி எவ்வளவு போவுதுன்னு பாத்துட்டு, அப்புறம் அந்த ஆம்பு வாங்கு.

சாப்பாட்டு விசயத்துல எங்கிட்ட படிச்சுக்க. கல்யாண வீட்டுல மொதல்ல பொண்ணோட அப்பாவுக்கு வணக்கம் வைக்காத. அவரு அன்னைக்கு யாரையும் பாக்குற நெலைமையில இருக்க மாட்டாரு. நேரா கொட்டாய்க்குப் பின்னாடி போயி தலைமைச் சமையக்காரருக்கு வை. பாட்டுக்காரங்க கடைசிப் பந்தி. வாழை எலை கிழிசலா வரும், வடை வராது. சமையக்காரர் மனசு வச்சாருன்னா பாத்திரத்தடியில நாலு வடை ஒளிஞ்சிருக்கும். நான் ஒத்து ஊதி சம்பாதிச்சதுன்னு சொன்னா அதுதான்.

வாத்தியத்த மடியில வச்சதுக்கு மொதல்ல கிண்டல் பண்ணேன், அது நெசமாவே நல்ல பழக்கம். அந்த பீட்டில்ஸ்காரர், மக்கார்ட்னி, அவரும் உங்க ஆளுதானே? கூட இருந்த பேஸ்காரன் வெலகிப் போனான், வேற எவனும் அதத் தொட மாட்டேன்னுட்டான், இவரு தலையில விழுந்துச்சு. ஹாம்பர்க்குல, உன்ன மாதிரி குடிக்கிற எடத்துல வாசிச்சுக்கிட்டிருந்த 1961ல, வெல கம்மின்னு வாங்கின வாத்தியம். அத 1972ல வேன்லேர்ந்து எவனோ தூக்கிட்டான். அம்பது வருசம் கழிச்சு ஒரு வீட்டு மச்சுலேர்ந்து திரும்பக் கெடைச்சுது. அவரு கோடீசுவரரு, அதுவரைக்கும் வேற வாங்கிக்குவாரு. உனக்கு அந்த நீட்டுப் பொட்டிக்கு இன்னும் எத்தனை தவணை பாக்கி? உங்க அப்பன் காதுல விழாம மெதுவாச் சொல்லு.

அட, அவ்வளவா?

இந்தா, நரசிங்கம்பேட்டையில நாயனம் பண்றாங்களே, பழைய வீட்டு உத்திரத்து ஆச்சா மரத்துல. 2022ல அதுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தாங்க. மரத்துக்கு மரியாதை வந்துடுச்சு, ஊதுறவனுக்கு இன்னும் மனு போட்ட பாடில்ல. அதனால மரியாதைய நம்பித் தவணை கட்டாத. அட்வான்ஸ வெத்தலை பாக்குல வச்சு வாங்கு. பாக்கிய கடைசிப் பாட்டுக்கு முந்தின பாட்டுல வாங்கு. கடைசிப் பாட்டு முடிஞ்சா பொருளாளருக்குத் தூக்கம் வந்துடும், மோட்டார் சைக்கிள் சாவி கெடைச்சுடும். நீ பேஸுக்காரன், ரெண்டு நிமிசம் எறங்கிப் போனா எவனுக்கும் தெரியாது. உன் தொழில்ல இருக்குற ஒரே வசதி இது, விட்டுடாத.

சரி, மூஞ்சியத் தொங்கப் போடாத. உன்னை வேண்டாம்னு சொல்லவா கூப்புட்டேன்? பங்குனியில நம்ம கீழத்தெரு மாரியம்மனுக்குக் கச்சேரி. செட்டுக்காரன் டிராக்குல ஓட்டுறேன்னான். அந்தக் கோயில் கமிட்டியில ரெண்டு பேரு எங்கூட சீட்டு ஆடுறவங்க. நேரடி பேஸ் இல்லேன்னா அம்மன் உத்தரவு கொடுக்க மாட்டாள்னு சொல்லி வச்சிருக்கேன். நம்பிட்டாங்க. ஒருத்தன் பேஸுன்னா பெரிய உடுக்கைன்னு நெனைச்சுக்கிட்டிருக்கான், நீ திருத்தாத.

ரேட்டு நான் பேசிட்டேன். பேட்டா தனி, போக வர ஆட்டோ தனி. மொத்தத்துல எனக்குப் பத்து சதவீதம். தாத்தாவாவது பேரனாவது, ஏஜெண்டுன்னா ஏஜெண்டு. அட்வான்சு நேத்தே வாங்கியாச்சு; என் பங்க அதுலயே எடுத்துக்கிட்டேன், மிச்சம் உங்க பாட்டிகிட்ட இருக்கு. கேட்டா இல்லேம்பா. நீயே போய் வாங்கிக்க.