பட்டாசலுக்கு எதுக்குவே இத்தனை வெளிச்சம்?

வாரும்வே மருமவனே, இப்படித் திண்ணையில உக்காரும். அந்த லேப்டாப்ப இந்தால திருப்பும், பாப்போம். அடேயப்பா! எங்க வீட்டுப் பட்டாசல்தானா இது? உத்தரத்துக்கும் மச்சுப் பலகைக்கும் நடுவுல தொங்குத ஒட்டடை வரைக்கும் துலக்கமாத் தெரியுதே. இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து உங்க அத்தை கண்ணுல தட்டுப்படாத ஒட்டடைவே. அவகிட்ட மட்டும் இதக் காட்டாதேயும். நாளைக் காலைல என்னைய ஏணி ஏத்திருவா.

முற்றத்துக்கு மேல தெரியுதது வானமா? சரி, நீரு சொன்னா வானம்தான். தென்னையச் சுத்தி ஒரு ஒளிவட்டம் வேற போட்டிருக்கீரு. கோயில் படத்துல சாமிக்கு வரைவாக. நம்ம வீட்டுத் தென்னைக்கும் அந்த யோகம் அடிச்சிருக்கு, நல்லா இருக்கட்டும். முற்றத்துல வெயிலு சுள்ளுனு அடிக்கு; உள்ள அரங்கு வாசல் அதுக்கும் மேல பளபளங்கு. அரங்குக்குள்ள பழைய பாத்திரமும் கெழிஞ்ச பாயும்தான் கெடக்கு. சூரியன எப்பம்வே அங்க கொண்டு வச்சீரு?

வெளிச்சத்தக் கூட்டிக் குறைச்சு மூணு படம் எடுத்து ஒண்ணாச் சேத்தேன் மாமா, இதுக்குப் பேரு எச்.டி.ஆர்.னு சொல்லுதீரு. பழைய வீட்ட ஹோம்ஸ்டே ஆக்குதவுகளுக்குப் படம் எடுத்துக் குடுக்கப் போறேன்னு கெளம்பியிருக்கீரு. நல்ல சோலிதான். கெழவன் நாலு புத்தி சொன்னாக் கேப்பீரோ? கேக்காட்டாலும் சொல்லத்தான் போறேன். ஸ்டுடியோ இருட்டறையில சிவப்பு பல்புக்கு அடியில, ஹைப்போ வாடையில பாதி ஆயுசக் கழிச்சவம்லா.

முதல்ல உமக்குப் பிடிச்ச புத்திய சொல்லுதேன். கிளாரிட்டின்னு ஒரு ஸ்லைடர் இருக்குல்லா, அத வலது ஓரம் வரைக்கும் இழும், இடிச்சு நிக்கட்டும். ஷேடோ பிளஸ் 100. ஹைலைட் மைனஸ் 100. சேச்சுரேஷன் உம்ம கை வலிக்க வரைக்கும். வாசல்ல உக்காந்திருக்க ஆச்சி முகத்துச் சுருக்கத்த ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிரலாம். சுவத்துல சுண்ணாம்பு உதுந்தது, ஸ்விட்ச் போர்டுல கையழுக்குப் படிஞ்சது எல்லாம் வரப்போற விருந்தாளிக்கு முன்கூட்டியே தெரிஞ்சிரும். வந்தவன் ஏமாந்தேன்னு சொல்லமாட்டாம்லா? 2005-ல ஃபோட்டோஷாப்புக்குள்ள ‘மெர்ஜ் டு எச்.டி.ஆர்.’ வந்த பொறவு உலகமே கொஞ்ச வருசம் இப்படித்தான் ஆடுச்சு. ஆடினவனெல்லாம் களைச்சு உக்காந்தாச்சு. நீரு இப்பத்தான் சலங்கை கட்டுதீரு.

பொறவு, இது ஏதோ கம்ப்யூட்டர் வந்து பொறந்த வித்தைன்னு நெனச்சிராதேயும். கஸ்தாவ் லெ கிரேன்னு பிரான்சுக்காரரு ஒருத்தரு, 1856, 57-ல கடலப் படம் எடுத்தாரு. அன்னைக்குக் கண்ணாடித் தட்டுல கொலோடியன் பூசி எடுக்கது. அதுக்கு நீல வெளிச்சம் பட்டாப் போதும், கறுத்துரும். கடலுக்குச் சரியா வச்சா வானம் வெறும் வெள்ளையா வரும். அந்த மனுசன் சில படத்துக்கு வானத்துக்கு ஒரு நெகட்டிவ், தண்ணிக்கு ஒரு நெகட்டிவ்னு தனித்தனியா வச்சு, ரெண்டையும் அடிவானக் கோட்டுல சேத்து ஒரே தாள்ல அச்சுப் போட்டாரு. ஸ்லைடரும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது.

எங்க ஸ்டுடியோவுல மட்டும் என்ன வாழ்ந்துச்சு? மாப்பிள்ளைக்கு வெள்ளை வேட்டி, பொண்ணுக்கு அரக்குப் பட்டு. வேட்டி மடிப்பு தெரிஞ்சா பட்டுல சரிகை தெரியாது, சரிகை தெரிஞ்சா வேட்டியில ஒண்ணும் தெரியாது. என்லார்ஜருக்கு அடியில ஓட்டை போட்ட அட்டையப் பிடிச்சு, வேட்டி மேல மட்டும் கூடக் கொஞ்ச நேரம் வெளிச்சம் விழவிடணும். பட்டுப் பக்கம் கம்பியில ஒட்டுன அட்டைத்துண்ட ஆட்டிக்கிட்டே மறைக்கணும். ஆட்டுத கை ஒரு நிமிசம் அசந்து நின்னுச்சோ, அந்த இடம் வெளுத்துத் தடம் விழுந்துரும். உம்ம தென்னையச் சுத்தி நிக்குதே, அதுவும் அந்தத் தடம்தான் வே. நாங்க கையால போட்டோம், நீரு துட்டு குடுத்து சாஃப்ட்வேர் வாங்கிப் போடுதீரு.

சரி, சென்சார்ல பதிஞ்சத அப்படியே வச்சிருக்க ரா ஃபைலுக்கு வருவோம். உம்ம கேமராவுல சென்சார் இருக்குல்லா, அதுல ஒவ்வொரு புள்ளியும் ஒரு மரக்கால் மாதிரி. வெளிச்சம் விழ விழ நிறையும். தலைதட்டி நிறைஞ்ச பொறவு விழுதது கீழ சிந்திரும். எவ்வளவு சிந்துச்சுன்னு அந்த மரக்காலுக்கும் தெரியாது, உமக்கும் தெரியாது. வெளுத்துப் போன வானத்த எந்த ஸ்லைடர் போட்டும் மீட்க முடியாதது இதனாலதான். அடியில நாலே நாலு மணி கெடந்தாலும் வம்பு. எது வெளிச்சம், எது சென்சாரோட சொந்த இரைச்சல்னு பிரிச்சுச் சொல்ல முடியாது.

14 பிட் ரா ஃபைல்ல 16,384 படி இருக்குன்னு பெருமையாச் சொல்லுதீரு. அந்தப் படியெல்லாம் எங்க போவுதுன்னு கணக்குப் பாத்தீரா? ஒரு ஸ்டாப்புன்னா வெளிச்சம் பாதி. அதனால உச்ச வெளிச்சத்துல இருக்க ஒரு ஸ்டாப்பே 8,192 படியத் தின்னுரும். அடுத்தது 4,096, அதுக்கடுத்தது 2,048. இப்படி எறங்கி எறங்கிப் பத்தாவது ஸ்டாப்புக்கு வரும்போது 16 படிதான் மிச்சம். நம்ம அரங்கு அங்கதான் கெடக்கு. அந்தப் பதினாறையும் பிடிச்சு மேல இழுத்தா, சுவரெல்லாம் புள்ளி புள்ளியாப் பொரிஞ்சுதான் வரும். கூட ஒரு படத்த நீண்ட நேரம் திறந்து வச்சு எடுக்கச் சொல்லுதது இதுக்குத்தான். அரங்குக்கும் வயித்துக்கு நிறையக் கெடைக்கட்டும்னுதான். ஜேபெக்குல பாத்தீர்னா ஒரு நிறத்துக்கு மொத்தமே 256 படி. அதுவும் கேமரா தன் இஷ்டத்துக்கு நிறமும் கான்ட்ராஸ்டும் போட்டு முடிச்ச பொறவு. அத வச்சு இந்தச் சோலிக்கு எறங்கிட்டு, பொறவு வானத்துல பட்டை பட்டையாக் கோடு விழுதுன்னு எங்கிட்ட வந்து மூக்கச் சிந்தாதேயும்.

இன்னொரு விசயம் கேளும். 1997-ல கலிபோர்னியாவுல பெர்க்லியில பால் டெபவெக், ஜிதேந்திர மாலிக்னு ரெண்டு பேரு ஒரு கட்டுரை போட்டாக. மாலிக் நம்ம கான்பூர் ஐ.ஐ.டி.யில படிச்சவரு. ஒரே காட்சிய வேற வேற ஷட்டர் வேகத்துல எடுத்து, அந்த இடத்துல நெசமா இருந்த வெளிச்சக் கணக்க மீட்டு எடுக்க வழி சொன்னாக. அவுகளுக்குப் பெரிய தலைவலி எதுன்னா, ஃபிலிம் வெளிச்சத்த நேரா எழுதாது, வளைச்சு எழுதும். அந்த வளைவு என்னன்னு முதல்ல கண்டுபிடிச்சாகணும். உமக்கு அந்தத் தலைவலியே கெடையாதுவே! ரா ஃபைல்ல வெளிச்சம் ரெட்டிச்சா எண்ணும் ரெட்டிக்கும். 1/60-ல 500 வந்த புள்ளி, 1/15-ல 2,000 வரும். நாலால வகுத்தா ரெண்டும் ஒண்ணு. வெயிலுப் பக்கத்துக்குச் சின்ன நேரத்துப் படத்த நம்பு, நிழலுப் பக்கத்துக்குப் பெரிய நேரத்துப் படத்த நம்பு, அம்புட்டுத்தான் சேர்க்கை. இத்தனை சுளுவா ஒரு பொருளக் கையில குடுத்தும், முதல்ல ஜேபெக்கா மாத்திட்டு பொறவு சேத்தேம்னு சொல்லுதீரே. உம்ம அப்பா கணக்குல எப்பவும் நூத்துக்கு நூறு. உமக்கு யாரு சாடைன்னுதான் தெரியல.

எடுக்கும்போது என்னென்ன பாக்கணும்னு கேக்கீரா? கேக்கல, நானே சொல்லுதேன். ஸ்டாண்டு போடும். அப்பர்ச்சர் அசையக் கூடாது. அது மாறினா எது தெளிவு எது மங்கல்ங்கதும் மாறிரும், பொறவு படம் படத்தோட ஒட்டாது. ஆட்டோ ஐ.எஸ்.ஓ. முதல் எதிரி, அத அமத்தும். மூணு படத்துக்கும் ஷட்டர் மட்டும் மாறணும். ரெண்டு ரெண்டு ஸ்டாப் எடவெளி போதும். ரா ஃபைலுக்கு அதுக்கு மேல நெருக்கி ஒம்பது படம் எடுக்கது, மெமரி கார்டு விக்கவனுக்குத்தான் லாபம். ரெண்டு செகண்டு டைமர் வச்சிட்டுக் கைய எடுத்துரும். பொறவு கேமரா முதுகுல காட்டுத ஹிஸ்டோகிராம அப்படியே நம்பாதேயும். அது ஜேபெக் கணக்கு. வானம் போச்சுன்னு அது அலறும், ரா ஃபைல்ல இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். ஆனாலும் மூணுல ஒரு படமாவது வானம் வெளுக்காம இருக்கணும். மூணுலயும் வெளுத்திருந்தா, மூணு வெள்ளையச் சேத்தாலும் வெள்ளைதான்.

ஃபேன நிறுத்துனீரா? நிறுத்தல. அதான் உத்தரத்துக்குக் கீழ ஆறு றெக்கை சுத்துது. இந்தா பாரும், முற்றத்து ஓரத்துல உங்க அத்தை கோலப்பொடி டப்பாவோட நடந்து போறா. ஒரு படத்துல தூணுக்கு இந்தப் பக்கம், அடுத்ததுல அந்தப் பக்கம். சேத்த படத்துல அவ வழியாத் தூணு தெரியுது. உசிரோட இருக்கவள ஆவியாக்கிட்டீரேவே! ‘டீகோஸ்ட்’னு ஒரு பொத்தான் இருக்கு, தெரியுமா? அசையுத இடத்துக்கு மட்டும் ஒரே ஒரு படத்த எடுத்துக்கிடும் அது. அதுக்கும் மேல சுளுவான வழி, அத்தையக் கொஞ்சம் நில்லுங்கன்னு சொல்லுதது. ஆனா அதச் சொல்லுத தைரியம் இந்த வீட்டுல யாருக்கும் இல்லங்கதும் நெசம்தான்.

இப்பம் நான் ஒண்ணு கேக்கேன். இந்தப் படத்துக்கு மூணு தேவையாவே? இப்பத்து நல்ல சென்சார் குறைஞ்ச ஐ.எஸ்.ஓ.வுல பதிமூணு, பதினாலு ஸ்டாப் வரைக்கும் தாங்கும். சாயங்காலம் வெயிலு எறங்கின பொறவு எடுத்தீர்னா, வானத்துக்குச் சரியா வச்ச ஒரே ரா ஃபைல்ல இந்தப் பட்டாசல் முழுசும் அடங்கிரும். உச்சி வெயில்ல, கதவத் தெறந்து வச்சு, உள்ள இருட்டையும் சேத்துக் கேட்டாத்தான் மூணு. நீரு மத்தியானமே எடுத்து முடிச்சிரணும்னு நிக்கீரு. சாயங்கால உறக்கம் போயிரும்லா.

சேத்தது வரைக்கும் சரின்னே வச்சுக்கிடுவோம். லைட்ரூம்ல 2015-ல இருந்து இந்த வசதி இருக்கு, மூணு ரா ஃபைலையும் சேத்து ஒரு டிஎன்ஜி ஃபைலாவே குடுக்கும். துட்டு குடுக்க மனசில்லாட்டா டார்க்டேபிள்லயும் சேக்கலாம். ஆனா அந்த டிஎன்ஜி படம் இல்லவே, நெகட்டிவ்! எங்க காலத்துல நெகட்டிவ யாரும் கல்யாண வீட்டுக்காரங்க கையில குடுத்து ‘இந்தாங்க ஆல்பம்’னு சொல்லமாட்டோம். அதுக்குள்ள இருக்க வெளிச்சம் மொத்தமும் உம்ம ஸ்கிரீன்லயும் கொள்ளாது, தாள்லயும் கொள்ளாது. நல்ல போட்டோத் தாளே ஏழு ஸ்டாப்புக்குத் தாங்குனா அதிகம். ஆக எத விடணும்னு யாரோ ஒருத்தன் முடிவு பண்ணணும். நீரு எதையும் விடமாட்டேன்னு அடம் பிடிக்கீரு. அங்கதான் சனி பிடிக்கு.

நான் பாக்கது ஒரே ஒரு கணக்குத்தான். முற்றம் பட்டாசல விட வெளிச்சம். பட்டாசல் அரங்க விட வெளிச்சம். நெசத்துல இருக்க இந்த வரிசை படத்துலயும் இருக்கணும். எடவெளியச் சுருக்கிக்கிடும், வேண்டாங்கல; வரிசைய மாத்தாதேயும். அரங்கு வாசல் முற்றத்த முந்திட்டுன்னா, பாக்கவனுக்கு என்ன தப்புன்னு சொல்லத் தெரியாது, ஆனா ஏதோ பொய்யின்னு பட்டுரும். கதவுக்கு அந்தப் பக்கம் தெருவுல வெயிலு கொஞ்சம் வெளுத்தா வெளுக்கட்டும், அது வெயிலுவே. அரங்குக்குள்ள மூலை கறுத்தா கறுக்கட்டும். உள்ள பாத்திரம் இருக்குன்னு ஒரு கோடு மின்னினாப் போதும்.

ஒளிவட்டம் வராம இருக்கணும்னா அந்த ‘லோக்கல் கான்ட்ராஸ்ட்’ விளையாட்டக் குறையும். மரத்துக்கும் வானத்துக்கும் நடுவுல இருக்க விளிம்ப மதிக்காம பக்கத்துப் பக்கத்து இடத்த மங்கலாக்கி ஏத்தி எறக்குத முறைக்குத்தான் அந்த வியாதி. விளிம்ப விட்டுக்குடுக்காம செய்ய ஃப்ரெடோ டுராண்டும் ஜூலி டோர்சியும் 2002-லயே வழி சொல்லியாச்சு. இதெல்லாம் வேண்டாம், எனக்குச் சோலி சுருக்கா முடியணுங்கீரா? ‘எக்ஸ்போஷர் ஃப்யூஷன்’னு 2007-ல வந்த வழி இருக்கு. வெளிச்சக் கணக்கே போடாம, ஒவ்வொரு படத்துலயும் நல்லா வந்த இடத்தப் பாத்துப் பாத்து எடுத்துக் கலக்கும். உம்மளப் போல அவசரக்காரருக்கு அதுதான் தோது. அது கொஞ்சம் சப்புனு இருக்கும், ஆனா அசிங்கமா இருக்காது.

என்ன, முகம் வாடிப் போச்சு? அந்தால திரும்பிப் பாரும். உங்க அத்தை ஃபோன எடுத்து ஒரு தட்டு தட்டுனா. அது உள்ளுக்குள்ள என்ன பண்ணுதுன்னு அவளுக்கு வேண்டாத சோலி. ஃபோன் கேமரா எப்படி எடுக்கும்னு கூகுள்காரங்க 2016-ல எழுதி வச்சாக: வேணும்னே வெளிச்சம் குறைச்சு, கட கடன்னு பல படம் எடுத்து, எல்லாத்தையும் ரா நெலமையிலயே ஒண்ணு மேல ஒண்ணாச் சேத்து இரைச்சல அடக்குவாக. அன்னைக்கு அவுக சொன்னபடி, வெளிச்சத்தக் கூட்டிக் குறைச்சு எடுக்காம, எல்லாம் ஒரே அளவுல. அதனால வானம் வெளுக்காது, கை ஆடினாலும் சமாளிச்சுக்கிடும், ஸ்டாண்டும் வேண்டாம். சுவரு உசரத்துக்குப் பெருசாப் போட்டா உம்ம கேமராப் படம்தான் நிக்கும், அத நான் இல்லங்கல. ஆனா அவ எடுத்தது இந்நேரம் வாட்ஸ்அப்புல ஏறி, மதினிமாரெல்லாம் பாத்து, ‘முற்றம் எம்புட்டு அழகா இருக்கு’ன்னு பதிலும் வந்தாச்சு. நீரு மறுபடி போட்ட மெர்ஜ் இன்னும் ஆவுதுன்னு அந்தக் கோடு நகந்துக்கிட்டு இருக்கு.

நகரட்டும். மலைப்பக்கம் மேகம் கட்டுது, கரண்டுக்காரன் எப்பவும் முந்திக்கிடுவான். அந்த லேப்டாப்புல பேட்டரி போய் ஆறு மாசமாச்சுன்னு உங்க அம்மா சொன்னா. சேவ் பண்ணிட்டுப் பேசும்வே.