கல்யாணப் பதிவைக் கொண்டு வா, நங்கி

வில்கமுவவில் தனியாகத் திரிய முழு உரிமை உள்ளவர் தனியன் யானை ஒருவர்தான். வஸ்கமுவக் காட்டிலிருந்து இருட்டில் இறங்கி, கண்ட வேலியைச் சாய்த்து, வயிறு நிரம்பியதும் திரும்பிப் போவார். 'வயசு போகுதே, இன்னும் ஏன் ஒண்டிக்கட்டை?' என்று மறித்துக் கேட்க ஊரில் ஒருத்தருக்கும் துணிவில்லை. அவர் இனத்துக்கு 1984 இல் தேசியப் பூங்காவே ஒதுக்கியாயிற்று.

கட்டுநாயக்கச் சுதந்திர வர்த்தக வலயத்தில் தைத்துவிட்டுச் சித்திரை வருடப் பிறப்புக்கு வீடு வரும் முப்பத்தைந்து வயதுக்காரியை மறிக்க மட்டும் எல்லோருக்கும் வீரம் வந்துவிடுகிறது. பஸ்ஸில் ஒருவர், கடையில் ஒருவர், பன்சலையில் நாலு பேர். 'நங்கி, இன்னும் சரிவரவில்லையா?'

எப்படிச் சரிவரும்? அந்த வலயம் 1978 இல் தொடங்கியது. அவள் அனுப்பிய காசில் வீட்டுக்கு ஓடு ஏறியது, தம்பி மோட்டார் சைக்கிளில் ஏறினான். அவளுக்கு ஏறியது 'ஜூகி' என்ற பட்டம். தையல் மெஷினின் பெயரையே வசவாக்கிய பண்பாடு நம்முடையது. கார்மெண்ட் பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று மணமகள் தேடிய விளம்பரங்களும் பத்திரிகைகளில் வந்தன. அவள் தைத்த சட்டையில் வெள்ளைக்காரன் தேவாலயம் போகலாம். அவளை மட்டும் மணவறையில் உட்கார வைக்க முடியாது.

ஏக்கம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. போடிங் அறையில் காய்ச்சலோடு படுத்திருக்கையில் கொத்தமல்லி அவித்துத் தர ஓர் ஆள் வேண்டும் என்ற ஏக்கம். இரவு வேலை முடிந்து வந்தால் கதவைத் திறந்துவிட ஒருவர், தோளில் விழ ஒரு கை, 'சாப்பிட்டாயா' என்று ஒரு குரல். இதில் காய்ச்சலைச் சொன்னால் 'ஐயோ பாவம்' என்பார்கள். தோளைச் சொன்னால் நடத்தை சரியில்லை என்பார்கள். கிழவன் இரண்டாம் தாரம் தேடினால் 'துணை வேண்டாமா, பாவம் மனுசன்' என்று சொல்வதும் இதே வாய்கள்தான்.

சரி, ஊரோடு வந்துவிடலாம் என்றால் காணி வேண்டுமே. மினிப்பே இடதுகரைக் கால்வாய் பாயும் இந்தக் குடியேற்றப் பக்கங்களில் வயல் என்பது அரசு தந்த அனுமதிப்பத்திரம். அதை ஆளும் 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் வாரிசு வரிசை இருந்தது: மகன்மார் முதலில், மகள்மார் பிறகு. பின்னுரித்தாளரைக் குறிக்காமல் தாய் தகப்பன் கண்மூடினால், சாகும்வரை மருந்து வாங்கிக் கொடுத்த மூத்த மகள் ஒதுங்கி நிற்க வேண்டும். குடித்துவிட்டுக் கிடந்த கடைக்குட்டித் தம்பிக்கு வயல். இதைத் திருத்த 2022 ஆயிற்று. எண்பத்தேழு வருடம்! ஆறப்போட்டுச் செய்ய வேண்டிய வேலைதான்.

மிச்சம் இருப்பது ஊழியர் சேமலாப நிதி. அவள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி பங்கு 12. ஆண் 55 இல் எடுக்கலாம், பெண் 50 இல். கல்யாணத்துக்காக வேலையை விடும் பெண் முன்கூட்டியே எடுக்கலாம். தாலி ஏறினால் அவள் காசு முழுவதும் அவளுக்கு. ஏறாவிட்டால் முழுக் காசுக்கும் தலை நரைக்கட்டும். தனியாக இருப்பவளுக்கு அப்படி என்ன செலவு?

நாடு கடனில் மூழ்கிய பிறகு, 2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று அதே நிதியில் கை வைத்தார்கள். அன்றைக்கு அவளிடம் கல்யாணப் பதிவும் கேட்கவில்லை, புருஷனின் சம்மதமும் கேட்கவில்லை.