ரமணிகளின் முன்பின் வரிசை: நெய்வேலிக் குவார்ட்டர்ஸ் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

மின்பிம்பங்கள் நிறுவனத் தயாரிப்பில் நாகா இயக்கிய ‘ரமணி வெர்சஸ் ரமணி’ என்னும் நகைச்சுவைத் தொடர், ஒரே பெயரும் ஒட்டாத குணமும் கொண்ட கணவன் மனைவியைப் பற்றியது என்பதும், அத்தம்பதியாக முதல் பாகத்தில் பிருத்விராஜும் வாசுகியும், இரண்டாம் பாகத்தில் ராம்ஜியும் தேவதர்ஷினியும் நடித்தனர் என்பதும் யாவரும் அறிந்தவையாதலின், அவை ஆய்வுக்கு உரியன அல்ல. தலைப்பில் முதலில் நிற்கும் ரமணி யார் என்பதே ஆய்வுக்கு உரியது.

தம்பதியர் முரண், அதாவது ஒரே கூரையின்கீழ் இரண்டு இயல்புகள் ஒன்றையொன்று திருத்த முயலும் நிலை, மூவகைப்படும். சிக்கனமும் ஊதாரித்தனமும் முதல் வகை. இதில் சொல்ல ஒன்றுமில்லை. மௌனமும் பேச்சும் இரண்டாம் வகை. இதைப் பற்றி இதுவரை பேச்சின் தரப்பே எழுதியுள்ளது. பெயர் ஒன்றாகிக் குணம் இரண்டாவது மூன்றாம் வகை. இதனை ஆராய நெய்வேலியினும் தக்க களம் இல்லை.

1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியபின் பிளாக் பிளாக்காக எழுந்த அந்நகரியத்தில் குவார்ட்டர்ஸ் ஊழியர் பெயரில் ஒதுக்கப்படுவதால், வாசற்பலகையில் ‘ரமணி’ என்றிருந்தால் அவர் ஊழியராகிய கணவரே என்பர் கணவர்முதற் கொள்கையினர். இரவு ஷிப்ட் முடித்தவர் பகலில் உறங்க, வாசலில் ‘ரமணி’ என்று அழைத்தால் வந்து கதவைத் திறப்பவரே முதல் ரமணி என்பர் மனைவிமுதற் கொள்கையினர். இவர்கள் காட்டும் ஆதாரங்களாவன: பால் கணக்கு நோட்டின் பின்னட்டையில் தலைகீழாக எழுதப்பட்ட உரைக்குறிப்பு, அதற்கு மளிகைச் சீட்டொன்றில் வரையப்பட்ட மறுப்பு, அம்மறுப்பில் கரையான் தின்ற பகுதியை ஊகித்து எழுதிய விரிவுரை, கரையான் தின்னாத பகுதிதான் இடைச்செருகல் என நிறுவும் இருதொகுதி நூல், அந்நூலின் பிழைதிருத்தப் பட்டியலுக்கு எழுந்த பிழைதிருத்தம்.

நிலவியல் சார்ந்த தரப்பொன்றும் உண்டு. நெய்வேலியில் நிலக்கரிப் படுகைக்கு அடியில் பேரழுத்தத்துடன் நிற்கும் நிலத்தடி நீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்துவிடாதபடி இரவும் பகலும் இறைக்கப்படுகிறது. இல்லறச் சண்டையும் அவ்வாறே அன்றாடம் இறைக்கப்பட வேண்டியது என்றும், ரமணிகள் ஒரு வாரம் இணங்கியிருந்தால் தொடரின் தரை பிளந்திருக்கும் என்றும் இவர்கள் கருதுவர். முதல் ரமணி யார் என்ற வினாவை இவர்கள் தொடவே இல்லையாதலால் இக்கருத்து ஆழமற்றது.

ஔவை என்ற ஒரு பெயருக்குள் பல புலவர்களைக் கண்டு பழகிய அறிஞர் மரபோ, பாகந்தோறும் நடிகர் மாறியதைக் கொண்டு, ரமணிகள் இருவர் அல்லர், காலத்தால் வேறுபட்ட நால்வர் என முடிவு செய்துள்ளது. நால்வருக்கும் நான்கு குவார்ட்டர்ஸ் ஒதுக்கினால் முரண் எழாது, முரண் எழாவிடில் தொடர் இல்லை, தொடர் இல்லையேல் கருத்தரங்கும் அதன் பயணப்படியும் இல்லை என்பதால், நால்வரையும் ஒரே குவார்ட்டர்ஸில் குடியமர்த்தியே ஆய்வைத் தொடர வேண்டும் என்று அம்மரபு ஒருமனதாகப் பரிந்துரைக்கிறது.