காற்று வாங்கும் கார்

இந்த இதழில் மட்டாஞ்சேரி வட்டாரத்துப் பழைய வண்டிக்காரர்களின் கேள்விகள் மட்டும். புலம்பல் பலவிதம், காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: வரக் கூடாத வழியில் எஞ்சினுக்குள் போகும் காற்று.

கே: என்னுடையது 1994 மாருதி 800. பஜார் ரோட்டில் லாரியிலிருந்து சுக்கு மூட்டை இறக்கி முடிக்கும்வரை நின்றால் திணறி அணைந்துவிடுகிறது. அதே வண்டி ஆலப்புழை நெடுஞ்சாலையில் பறக்கிறது. கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றட்டுமா? (ஜூ டவுன் வாசகர்)

ப: பர்ஸை மூடி வையுங்கள். நின்றால் நோய், ஓடினால் நலம் என்றால் முதல் சந்தேகம் ஏர் லீக். ஐடிலிங்கில் திராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். எஞ்சின் இழுக்கும் காற்று கொஞ்சம். மேனிஃபோல்டுக்குள் வெற்றிடமோ அதிகம். அந்த நேரத்தில் வெடித்த டியூப் ஒன்றின் வழியே துளி காற்று புகுந்தாலும் கணக்கு கெட்டுவிடும். பெட்ரோல் முழுதாக எரிய எடைக்கணக்கில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். அழையா விருந்தாளி வந்து உட்கார்ந்தால் சமைத்தது போதாது. ஆக்ஸிலேட்டரை மிதித்தாலோ முறையான வழியிலேயே காற்று வெள்ளமாக வரும். ஓட்டையின் பங்கு அதில் கரைந்துபோகும்.

ஒரு சோதனை. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். நல்ல எஞ்சினாக இருந்தால் முரண்டு பிடிக்கும். உங்களுடையது நிம்மதியாக ஓடத் தொடங்கினால் அதற்குப் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். ஒன்று ஏர் லீக். இல்லையென்றால் ஐடில் ஜெட்டில் அடைப்பு. இரண்டுக்கும் புதுக் கார்புரேட்டர் மருந்தல்ல.

கே: எங்கள் மெக்கானிக் ஸ்க்ரூவைத் திருகி ஸ்லோவை ஏற்றிவிட்டார். இப்போது அணைவதே இல்லையே! (சுள்ளிக்கல்)

ப: லீக்கும் போகவே இல்லையே!

கே: வீட்டு வாசலிலேயே லீக்கைக் கண்டுபிடிக்க வழி உண்டா? ஸ்மோக் மெஷின் வைத்திருக்கும் பணிமனை எர்ணாகுளத்துக்குப் போனால்தான் கிடைக்கும் என்கிறார்கள். (தோப்பும்படி)

ப: பாலம் தாண்ட வேண்டாம், முதலில் கண்ணையும் காதையும் பயன்படுத்துங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு ஒவ்வொரு ரப்பர் டியூபையும் அதன் முனையில் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் முனையில்தான் இருக்கும், அதுவும் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில். பிறகு ஸ்டார்ட் செய்து, ஒரு மீட்டர் நீள டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை மேனிஃபோல்டு பேக்கிங், கார்புரேட்டர் அடி பேக்கிங் ஓரமாக நகர்த்துங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் போகக் கூடாது. ‘உஸ்’ என்ற சத்தம் கூடுகிற இடம் தெரியும். அடுத்து டியூப்களை ஒவ்வொன்றாக விரலால் நசுக்குங்கள். எதை நசுக்கும்போது ஐடிலிங் மாறுகிறதோ, அந்தப் பாதையில் தேடுங்கள்.

பேக்கிங்மீது சந்தேகம் என்றால் ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் போதும். ஓட்டை இருக்கும் இடத்தில் படும்போது தண்ணீர் ஒரு கணம் அதை அடைக்கும்; எஞ்சின் குரல் மாறும். டிஸ்ட்ரிபியூட்டர்மீது மட்டும் பீய்ச்சாதீர்கள், ஒரு நோயோடு வந்தவர் இரண்டு நோயோடு போவீர்கள். சிலர் பெட்ரோலை ஊற்றிப் பார்ப்பார்கள். சூடான மேனிஃபோல்டின்மேல் பெட்ரோல்! அந்தச் சோதனையில் லீக் தெரியாவிட்டாலும் தீயணைப்பு நிலையத்தின் தொலைபேசி எண் தெரிந்திருக்க வேண்டும்.

கே: எல்லாப் பேக்கிங்கும் மாற்றியாயிற்று, கார்புரேட்டர் கிட்டும் போட்டாயிற்று. லீக் அப்படியே இருக்கிறது. (பள்ளுருத்தி)

ப: இரண்டு இடம் பாக்கி. ஒன்று, திராட்டில் ஷாஃப்ட். ஆண்டுக்கணக்கில் திரும்பித் திரும்பிக் கார்புரேட்டர் உடம்பில் அது உட்காரும் துளையே தேய்ந்திருக்கும். ஷாஃப்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் புஷ் அடிக்க வேண்டும். அது கிட் பாக்கெட்டில் வராது. இரண்டு, டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்கம் அட்வான்ஸ். கார்புரேட்டர் பக்கத்தில் அதன் டியூபைக் கழற்றி வாயால் உறிஞ்சி, முனையை நாக்கால் அடையுங்கள். நாக்கு ஒட்டிக்கொண்டே இருந்தால் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் நலம். உடனே விடுபட்டால் அது கிழிந்திருக்கிறது. அந்த நேரத்தில் யாராவது நலம் விசாரித்தால் தலையை மட்டும் ஆட்டுங்கள்.

கே: கடலோரம் வாழ்வதால்தான் ரப்பர் எல்லாம் சீக்கிரம் போகிறதா? (ஃபோர்ட் கொச்சி)

ப: உப்புக்காற்று தின்பது டியூபை அல்ல, அதை இறுக்கும் கிளிப்பை. துருப்பிடித்த கிளிப் பிடியை விட்டதும் நல்ல டியூபும் லீக் ஆகும். ரப்பரைக் கெடுப்பவை எஞ்சின் சூடும், எண்ணெய்க் கசிவும், காற்றிலுள்ள ஓசோனும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு. பழைய வண்டிகளின் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. பெட்ரோல் டியூபை மாற்றும் அன்றே வேக்கம் டியூபையும் மாற்றிவிடுங்கள்.

கே: வேக்கம் கேஜ் வாங்கினேன். கொச்சியில் 18 காட்டிய முள், மூணாறில் 13-க்கு இறங்கிவிட்டது. வழியில் ஏதோ பிய்ந்துவிட்டதா? (செர்லாய்)

ப: பிய்ந்தது ஒன்றும் இல்லை, மேலே காற்றழுத்தம் குறைவு, அவ்வளவுதான். கடல்மட்டத்தில் நல்ல எஞ்சின் ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலப் பாதரசம் காட்டும். 1,000 அடி ஏறினால் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். மூணாறு சுமார் 5,000 அடி. மட்டாஞ்சேரியில் நிற்கும்போதே முள் அசையாமல் 13-இல் நின்றால் பயப்படலாம்: லீக், அல்லது டைமிங் பின்தங்கியிருக்கிறது. முள் ஒரே தாளத்தில் துடித்தால் வால்வைப் பாருங்கள்.

கே: அப்பாவின் பழைய வில்லிஸ் ஜீப்பில், மழையில் மலை ஏறும்போது வைப்பர் தூங்கிவிடுகிறது. இறங்கும்போது வெறிபிடித்து ஆடுகிறது. (அடிமாலியிலிருந்து மட்டாஞ்சேரிக்குக் குடிவந்தவர்)

ப: அந்த வைப்பருக்கு மின்சாரம் கிடையாது, மேனிஃபோல்டு வெற்றிடம்தான் உயிர். ஏற்றத்தில் முழுதாக மிதித்தால் வெற்றிடம் போய்விடும். கால் எடுத்தால் திரும்பி வரும். பிறவிக் குணம். சமதளத்தில் ஐடிலிங்கிலும் அது தூங்கினால் மட்டும் டியூபைத் தேடுங்கள்.

கே: டீசல் அம்பாசடருக்கும் இந்தத் தொல்லை உண்டா? எஞ்சின் ஜம்மென்று ஓடுகிறது, பிரேக் மட்டும் கல்லாக இருக்கிறது. (குன்னும்புறம்)

ப: இதைப் படித்து முடிக்கும்வரை வண்டியை எடுக்காதீர்கள். சாதாரண டீசல் எஞ்சினில் காற்றைத் தடுக்கும் திராட்டில் இல்லை. மேனிஃபோல்டில் வெற்றிடமும் இல்லை. பிரேக் பூஸ்டருக்கென்று தனி வேக்கம் பம்ப் உண்டு, பெரும்பாலும் ஆல்டர்னேட்டரின் முதுகில். அதன் டியூப் கிழிந்தாலும் எஞ்சின் ஒரு வார்த்தை சொல்லாது. பெட்ரோல் வண்டியாவது அணைந்து அணைந்து எச்சரிக்கும். சோதனை: எஞ்சினை அணைத்துவிட்டுப் பெடலை நாலைந்து முறை அழுத்துங்கள், அது கெட்டிப்படும். கால் எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் மெக்கானிக் உங்களிடம் வரட்டும்.

கே: ஆர்.எக்ஸ்.100 பைக். ஆக்ஸிலேட்டரை விட்டபிறகும் ரேஸ் இறங்காமல் நிற்கிறது. கேட்க சூப்பராக இருக்கிறது! (வெளி)

ப: பிஸ்டனுக்கு அப்படி இல்லை. கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் மேனிஃபோல்டை வளைத்துப் பாருங்கள். அது சரியென்றால் கிராங்க் சீல். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடுதான் ஆயிலும் உள்ளே போகிறது. கலவை மெலிந்தால் சூடு கூடும், வழவழப்பு குறையும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இன்றே பாருங்கள்.

கே: மகன் பத்மினி காரை விற்கச் சொல்கிறான். வாங்க வருகிறவரிடம் லீக்கைச் சொல்லவா, மறைக்கவா? (மட்டாஞ்சேரி)

ப: எப்படி மறைப்பீர்கள்? விவரம் தெரிந்தவர் என்றால் ஸ்டார்ட் செய்துவிட்டுப் பேசாமல் இரண்டு நிமிடம் நிற்பார்.