செண்பகத்தோப்பில் ஒரு பதக்கவேட்டையர்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இன்று காணப்படும் மனித வகைகளுள், வீடியோ கேம் விளையாடுவதைவிட அதில் கிடைக்கும் பதக்கங்களைத் திரட்டுவதையே பிறவிப் பயனாகக் கொண்டவர் தனியே வைத்து ஆராயத் தக்கவர். பதக்கவேட்டையர் என்று இக்கட்டுரையில் குறிக்கப்படும் இவர் நூற்பாலையின் கணக்குப் பிரிவிலோ, பால்கோவாக் கடையின் கல்லாவிலோ, அரசுத் தேர்வுக்குப் படிப்பதாக வீட்டார் நம்பிக்கொண்டிருக்கும் மாடி அறையிலோ வாழ்கிறார். வயது பெரும்பாலும் இருபதுக்கும் முப்பத்தைந்துக்கும் இடைப்பட்டது. கைபேசியின் சார்ஜ் இருபது சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மட்டுமே முகத்தில் கவலை தோன்றும். சாதுவானவர், கடன் வாங்காதவர், பிறருக்குத் தீங்கு நினையாதவர் என்றாலும், இவருடன் அரைமணி நேரம் பேசி எழுந்தவர்கள் தம் வாழ்வில் எதையும் முடிக்கவில்லை என்ற சோர்வோடுதான் வீடு திரும்புகிறார்கள்.

இவரைப் புரிந்துகொள்ள, சாதனை முறை எனப்படுவது என்னவென்று முதலில் அறிய வேண்டும். ஒரு விளையாட்டின் கதையை முடிப்பது, எதிரியை வெல்வது ஆகிய இயல்பான இலக்குகளுக்கு வெளியே, ‘நூறு முறை குதித்தவர்’, ‘ஓர் அடியும் படாமல் கடந்தவர்’ என்பன போன்ற தனிப் பணிகளை வகுத்து, அவற்றை முடித்தவருக்குத் திரையில் ஒரு சின்னத்தை மின்னச் செய்து, அதை மற்றவர் காணும்படி அவர் கணக்கில் நிரந்தரமாகப் பதிந்து வைக்கும் ஏற்பாடே அது. இதன் மூதாதை 1982-ஆம் ஆண்டிலேயே பிறந்துவிட்டது. ஆக்டிவிஷன் நிறுவனம் வெளியிட்ட பிட்ஃபால் என்னும் விளையாட்டில் 20,000 புள்ளிகளை எட்டியவர், தொலைக்காட்சித் திரையைப் புகைப்படம் எடுத்து, பிலிமைக் கழுவி, படத்தை அஞ்சலில் அனுப்பினால், சட்டையில் தைத்துக்கொள்ளத் தக்க ஒரு துணிச் சின்னத்தை அந்நிறுவனம் அனுப்பிவைத்தது. இத்தனை பாடுபட்டவர், படம் கழுவி வரும்வரையிலாவது விளையாட்டை வெறுமனே ரசித்திருப்பார் என்று நம்ப இடமுண்டு. 2005-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360 என்னும் விளையாட்டுக் கருவி இதையெல்லாம் தானியங்கியாக்கி, எல்லா விளையாட்டுகளிலும் பெற்ற புள்ளிகளைக் கூட்டி ஒரே எண்ணாக ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் எழுதியது. 2008-இல் பிளேஸ்டேஷன் 3 வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று கோப்பைகளை வரிசைப்படுத்தியது. ஸ்டீம் என்னும் கணினி விளையாட்டுத் தளமோ குறிப்பிட்ட சாதனையை உலகில் எத்தனை சதவீதத்தினர் பெற்றுள்ளனர் என்பதையும் காட்டத் தொடங்கியது. கடைசியாகச் சொன்ன அந்தச் சதவீதம்தான் பதக்கவேட்டையரின் தூக்கத்தைக் கெடுத்தது என்பது ஆராய்ந்தோர் துணிபு.

நம் இரு ஊர்களிலும் இவரது இயல்பான வாழ்விடம் கைபேசியே. நூறு பேர் ஒரு தீவில் பாராசூட்டில் குதித்து, சுருங்கிக்கொண்டே வரும் வட்டத்துக்குள் ஒருவரையொருவர் சுட்டு, கடைசியில் எஞ்சுபவர் வெல்லும் பப்ஜி என்னும் விளையாட்டு 2020 செப்டம்பரில் இந்தியாவில் தடைசெய்யப்பட்டபோது, இவர் இருந்த இருப்பைக் கண்டு அண்டை வீட்டார் நெருங்கிய உறவில் யாரோ தவறிவிட்டதாகவே எண்ணினர். 2021 ஜூலையில் அதே விளையாட்டு பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பி வந்தபோது இவர் முதலில் செய்தது ஓர் ஆட்டம் ஆடிப் பார்ப்பதன்று. பழைய கணக்கில் சேர்த்த பட்டங்கள் ஒன்று குறையாமல் வந்து சேர்ந்தனவா என்று எண்ணிப் பார்ப்பதே. இவர்கள் ‘ரேங்க் புஷ்’ என்று கூறுவது, தரவரிசையில் மேலேறுவதற்காகப் புள்ளிகளைத் திரட்டும் தொழில். நெடுநேரம் உயிரோடிருப்பவருக்குப் புள்ளி மிகுதி என்பதை அறிந்த பதக்கவேட்டையர், தீவில் இறங்கியதும் ஒரு புதரைத் தேடிப் படுத்துக்கொண்டு, சுற்றிலும் குண்டு முழங்க, அரைமணி நேரம் புல்லை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறார். வட்டம் சுருங்கும்போது மட்டும் அடுத்த புதருக்குத் தவழ்ந்து செல்கிறார். “எய்யா, தோசை ஆறிப்போகுதுய்யா” என்று அம்மா மூன்றாம் முறை கூப்பிடும்போது, “இரும்மா, இன்னும் பத்துப் பேர்தான்” என்கிறார். அந்தப் பத்துப் பேரில் ஏழு பேர் இவரைப் போலவே புதருக்குள் கிடப்பவர்கள் என்பதும், அவர்கள் வீட்டிலும் தோசை ஆறிக்கொண்டிருக்கும் என்பதும் அம்மாவுக்குத் தெரிய நியாயமில்லை. பால்கோவாவைத் தொடாமல் பொட்டலத்தின் மேல் ஒட்டிய சீட்டை மட்டும் கிழித்துச் சேர்த்து வைப்பவரை ஸ்ரீவில்லிபுத்தூரில் எப்படிப் பார்ப்பார்களோ, அப்படித்தான் இவரைச் சக ஆட்டக்காரர்கள் பார்க்கிறார்கள். இவருக்கோ அது பொறாமையாகவே படுகிறது.

பதக்கவேட்டையரை முழு உருவில் காண ஏற்ற இடம் செண்பகத்தோப்பு. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, தென்னையும் மாவும் முடிந்து மேற்குத் தொடர்ச்சி மலை எழும்பும் இந்த அடிவாரம், சாம்பல் நிற மலை அணிலுக்கென 1988-இல் அறிவிக்கப்பட்ட சரணாலயத்தைச் சேர்ந்தது. 2021-இல் அச்சரணாலயம் மேகமலையோடு இணைக்கப்பட்டுப் புலிகள் காப்பகமானது. காட்டழகர் கோயிலுக்குச் செல்வோரும், மீன்வெட்டிப் பாறை அருவியைப் பார்க்க வருவோரும் வனத்துறையின் அனுமதியோடு இவ்வழியே போகிறார்கள். கைபேசி விளையாட்டை விட்டு மனிதன் வெளியே வந்தால் தெளிவான் என்று நம்பும் நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமையில் இவரையும் அழைத்துவருகிறார்கள். இவர் வெளியே வருகிறார், ஆனால் விளையாட்டையும் கூடவே கொண்டுவருகிறார். மணிக்கட்டில் உள்ள கருவி பத்தாயிரம் காலடிகளை எண்ணுகிறது. கூகுள் வரைபடத்தில் ஒரு படத்துக்கு 5 புள்ளியும் ஒரு மதிப்புரைக்கு 10 புள்ளியும் கிடைக்கும் என்பதாலும், பத்தாம் நிலையை எட்ட ஒரு லட்சம் புள்ளி வேண்டும் என்பதாலும், வழியில் உள்ள பாலம், பலகை, பூட்டிய தேநீர்க் கடை ஆகிய அனைத்தும் படமெடுக்கப்படுகின்றன. கோடையில் வற்றிக் கிடக்கும் அருவிக்கு, ‘தண்ணீர் இல்லை, பார்க்கிங் சுமார்’ என்று எழுதி மூன்று நட்சத்திரம் தருகிறார். மலையைப் படைத்தவர் இதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

இவருக்கு நேரும் உண்மையான சோதனை வேறு. விளையாட்டுக்குள் நாள் தவறாமல் நுழைபவருக்கென ஒரு தொடர்வரிசைப் பரிசு உண்டு. ஒரு நாள் தவறினால் எண்ணிக்கை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். மலையை நெருங்க நெருங்கக் கைபேசிச் சமிக்ஞை தேய்வதை உணர்ந்ததும், பதக்கவேட்டையர் உடைந்த குரலில் “மாப்ள, டவர் கெடைக்கலடா” என்று அறிவித்துவிட்டு, உயரமான பாறை ஒன்றில் ஏறி, கைபேசியை வானோக்கி நீட்டியபடி நாற்புறமும் மெல்லச் சுழல்கிறார். தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் ஏதோ வேண்டுதல் என்று எண்ணி ஒதுங்கிப் போகிறார்கள்.

இவ்வளவு சொன்ன பின், சாதனை முறையே தீங்கானது என்று தீர்ப்பெழுதிவிட்டால் அது அநியாயமாகும். 2007-இல் வந்த ஹாஃப்-லைஃப் 2: எபிசோட் டூ என்னும் விளையாட்டில், ஆட்டத்தின் தொடக்கத்தில் கிடக்கும் ஒரு தோட்டத்துக் குள்ளப் பொம்மையைக் கடைசிவரை சுமந்துசென்று ராக்கெட்டில் ஏற்றி அனுப்பினால் ஒரு சாதனை கிட்டும். காரில் வைத்தால் அந்தப் பொம்மை ஒவ்வொரு திருப்பத்திலும் வெளியே விழும். துரத்தும் பகைவனைவிட அதைத் திரும்ப எடுத்துவைப்பதே பெரும்பாடு. அதனாலேயே அந்த ஆட்டத்தை ஆடியவர்கள் துப்பாக்கியை மறந்தாலும் பொம்மையை மறப்பதில்லை. விளையாட்டுக்குள் புதிய விளையாட்டொன்றைத் திறந்துவிடும் சாதனை இன்பத்தைக் கூட்டுகிறது. செய்ததையே ஆயிரம் முறை செய்யச் சொல்வதோ கூலி கொடுக்காத வேலை. விளையாட்டு வடிவமைப்பாளர்களே இதை அறிந்து கேலி செய்திருக்கிறார்கள். 2017-இல் நின்டென்டோ வெளியிட்ட செல்டா விளையாட்டில் ஒளிந்திருக்கும் 900 விதைகளையும் தேடிச் சேர்த்தவருக்குக் கிடைக்கும் இறுதிப் பரிசு, சாணக் குவியலின் வடிவில் பொன்னிறமாக மின்னும் ஒரு பொருள். 2013-இல் வந்த தி ஸ்டான்லி பாரபிள், ஐந்தாண்டுகள் இந்த விளையாட்டைத் தொடாமல் இருப்பவருக்கு ஒரு சாதனை என்று அறிவித்தது. மனிதர்களை எழுந்து வெளியே போகச் சொன்ன அந்தப் பதக்கத்தைக்கூட, கணினியின் கடிகாரத்தை ஐந்தாண்டு முன்னே தள்ளிவைத்து ஐந்து நிமிடத்தில் வென்றவர்கள் உண்டு. பதக்கவேட்டையர் என்னும் இனத்தின் மேதைமைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இவர் எந்த இடத்தில் கெட்டார் என்பதை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவர் நடத்தி 1973-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு விளக்குகிறது. ஏற்கெனவே விருப்பத்தோடு படம் வரைந்துகொண்டிருந்த குழந்தைகளுள் ஒரு சாராரிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தரப்படும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. ஓரிரு வாரம் கழித்துச் சான்றிதழ் பேச்சே இல்லாதபோது, அவர்கள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றக் குழந்தைகளின் நேரத்தில் சுமார் பாதியாகச் சுருங்கியிருந்தது. ஆனால் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு எதிர்பாராமல் அதே சான்றிதழைப் பெற்ற குழந்தைகளின் ஆர்வம் குறையவில்லை. ஆகவே குற்றம் பரிசைச் சார்ந்ததன்று, முன்னறிவிப்பைச் சார்ந்தது எனலாம். பதக்கவேட்டையரோ புதிய விளையாட்டை வாங்கியதும் கதையைத் தொடங்கும் முன்பே சாதனைப் பட்டியலைத் திறந்து, ஒளித்துவைக்கப்பட்டவற்றையும் யூடியூபில் தேடி அறிந்துகொண்டு, தாளில் எண்ணிட்டு எழுதிய பிறகே முதல் அடியை எடுத்துவைப்பவர். எதிர்பாராதது எதுவும் தமக்கு நேராதபடி தாமே காவல் இருப்பவர்.

செண்பகத்தோப்பின் சாம்பல் நிற அணில் இந்த ஒழுங்குக்குக் கட்டுப்படுவதில்லை. கிளைகள் பின்னிய உச்சியில் இலையும் சுள்ளியும் சேர்த்துக் கூடு கட்டி, தரைக்கு அரிதாகவே இறங்கும் அது, புளியங்காயைக் கடித்துத் துப்பும் ஓசையாலும் தன் இருப்பைத் தெரிவிக்கிறது. அந்த ஓசை கேட்கும் தருணத்தில் பதக்கவேட்டையர் பாறைமேல் டவர் தேடிக்கொண்டிருக்கிறார். புளியந்தோலொன்று தோள்மேல் விழுந்தால் தட்டிவிட்டுக்கொள்கிறார். ஆகையால் இவரோடு அங்கே போக நேர்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அணிலை யார் முதலில் பார்த்தாலும் கைநீட்டிக் காட்ட வேண்டாம், இன்னும் எத்தனை இருக்கின்றன என்று இவர் கேட்டால் பதில் சொல்லவும் வேண்டாம். கைபேசியில் சார்ஜ் தீர்ந்ததும் இவராகவே அண்ணாந்து பார்ப்பார்.